அடுப்பெரியாத பங்களாவில் ஒரு மதியச் சாப்பாடு

2007ஆம் ஆண்டு, பங்குனி மாதத்தில் ஒரு சனிக்கிழமை. காலை 5.40க்குப் புறக்கோட்டையிலிருந்து எம்பிலிப்பிட்டி பஸ் புறப்பட்டது. ஜன்னலோரத்தில் இடம் பிடித்துவிட்டேன். முழங்காலை மடக்கி வைக்கத்தான் இடமில்லை. சட்டைப் பையில் நான் வேலை பார்க்கும் வாரப் பத்திரிகைக்கு வந்த அழைப்பிதழ் இருந்தது. பெல்மதுளைக்கு மேலே, தேயிலைத் தோட்டக் கம்பெனி விற்ற பழைய துரை பங்களா ஒன்றை ஒரு ஜெர்மன்கார அம்மா வாங்கி உணவகமாக மாற்றியிருக்கிறார். இறைச்சி, மீன், முட்டை, பால் எதுவும் கிடையாது. மிச்சமிருக்கும் காய் கனியையும் வேக வைப்பதில்லை, எல்லாம் பச்சையாகத்தான். ஒரு ஆளுக்கு 2,800 ரூபா. எங்களுக்கு இரண்டு பேருக்கு இலவசம். பதிலுக்கு நான் அரைப் பக்கம் எழுத வேண்டும்.

மனைவியைக் கூப்பிட்டேன். "பச்சக் காய் திங்கிறதுக்கு பெல்மதுளைக்குப் போகணுமா? நம்ம ஃபிரிட்ஜிலயே கெடக்கு" என்று சொல்லிவிட்டாள். அப்போதுதான் அக்காவின் நினைப்பு வந்தது. என் மூத்தவள் பவளம் அந்தப் பங்களாவுக்குக் கீழே, அதே தோட்டத்துத் தொழிலாளர் லயத்தில்தான் இருக்கிறாள். முப்பத்தோரு வருடமாக அங்கே கொழுந்து பறிக்கிறாள். அப்பா செத்த பிறகு பள்ளிக்கூடத்தை விட்டுக் கூடை தூக்கினாள். நான் கொழும்பில் விடுதியில் தங்கிப் படித்தேன். பக்கத்து வீட்டு போனில் அவளைப் பிடித்து விஷயத்தைச் சொன்னேன்.

"பங்களாவுக்கா தம்பி? முன்வாசல் வழியாவா போறோம்?" என்று கேட்டாள்.

அவள் கேட்டதில் அர்த்தம் இருக்கிறது. தோட்டத்தில் யாராக இருந்தாலும் பங்களாவுக்குப் போனால் மதகடியில் செருப்பைக் கழற்றிவிட்டு, தலைத்துண்டை எடுத்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டு, பின்னால் சமையல் நடக்கும் குசினிப் பக்கமாகச் சுற்றித்தான் போவார்கள். இன்றைக்கு அப்படிப் போகச் சொல்லி யாரும் நிற்பதில்லை. ஆனால் கால்கள் அப்படியே பழகிவிட்டன. "முன்வாசல் வழியாத்தான் அக்கா. மேசையில ஒக்காந்துதான் சாப்பிடப் போறோம்" என்றேன். அந்த நேரத்தில் என்னைப் பற்றி எனக்கே பெருமையாக இருந்தது.

அவிசாவளையில் எல்லாரையும் இறக்கி அடையாள அட்டை பார்த்தார்கள். யுத்த காலம், தமிழன் என்பதால் எனக்குக் கூடுதலாக நாலு கேள்வி. இருபது நிமிடம் போயிற்று. 9.05க்கு இரத்தினபுரி. அங்கே பஸ் முக்கால்வாசி காலியாகி, நாங்கள் பத்துப் பேர் மிச்சமானோம். 9.50க்குப் பெல்மதுளைச் சந்தி. அக்கா எனக்கு முன்பே வந்து ஒரு புடவைக் கடை வாசலில் நின்றிருந்தாள். மகளின் கல்யாணத்துக்கு எடுத்த பச்சைப் பட்டு. தலை நிறைய எண்ணெய். கையை மட்டும் முந்தானைக்குள் வைத்திருந்தாள். கொழுந்துக் கறை விரலை எலுமிச்சை போட்டுத் தேய்த்தும் போகவில்லையாம்.

மதியச் சாப்பாடுதானே என்று சந்தியில் தேத்தண்ணி குடித்துவிட்டு ஆறுதலாகக் கிளம்பினோம். பங்களா ஏழு கிலோமீற்றர் மேலே. முச்சக்கர வண்டிக்காரர் 350 ரூபா கேட்டார். பெல்மதுளை முஸ்லிம் மனிதர், வாயடங்காதவர்.

"அங்க அடுப்பே பத்த வெக்கிறதில்லையாமே சேர்? எங்க வீட்டுல நோன்புக்குக்கூட ராவைக்கு அடுப்பு எரியுமே" என்றார்.

"அந்தம்மாவுக்கு சீக்கு ஏதும் இருக்குமோ என்னமோ" என்று அக்கா நிஜமாகவே கவலைப்பட்டாள்.

11.30. கேட்டைத் தாண்டியதும் புல்வெளி, அதற்கப்பால் வெள்ளை அடித்த பங்களா. வண்டியை விட்டு இறங்கியதும் அக்காவின் கால் தானாகவே இடப்பக்கம், குசினிப் பாதைக்குத் திரும்பியது. செருப்பு பாதி கழன்றுவிட்டது. நான் அவள் கையைப் பிடித்து இழுத்து முன்படிகளில் ஏற்றினேன். ஏழு படி. "ஆத்தாடி" என்று மெல்லச் சிரித்துக்கொண்டே ஏறினாள். அந்தச் சிரிப்போடு நான் திரும்பி வந்திருந்தால் இந்தக் கட்டுரைக்கு அவசியமே இருந்திருக்காது.

மெனேஜர் ஓர் இளம் சிங்களவர். தேய்த்து மடித்த வெள்ளைச் சட்டை, நல்ல ஆங்கிலம். பத்திரிகைக்காரன் என்றதும் கையைக் குலுக்கி வராந்தாவில் இருத்தினார். அக்கா என் பின்னால் தூண் ஓரமாகப் போய் நின்றுகொண்டாள். எந்த ஊர் என்று மெனேஜர் என்னிடம் கேட்டார். "கொழும்பு. பரம்பரையாகவே" என்றேன். ஏன் அப்படிச் சொன்னேன் என்று தெரியாது. நாக்குக்கு அது பல வருடப் பழக்கம்.

பிறகு அவர் சிங்களத்துக்கு மாறி, வேடிக்கையாக ஒன்று சொன்னார். இங்குள்ள தோட்டத்து ஆட்களுக்கு இந்தச் சாப்பாடு விளங்காதாம். பங்களாவில் விறகு தீர்ந்துபோய்விட்டது என்று நினைத்து ஒரு கிழவர் விறகுக்கட்டு ஒன்றைக் கொண்டுவந்து பின்வாசலில் போட்டாராம். நான் சிரித்தேன். கொஞ்சம் அதிகமாகவே சிரித்தேன். சிரிப்பு அடங்குவதற்குள் அவர் அக்காவைக் கண்ணால் காட்டி, மரியாதையாகத்தான், "இந்த அம்மா யார் சேர்?" என்று சிங்களத்தில் கேட்டார்.

"வத்தே கெனெக். பார பென்னன்ன ஆவா" என்றேன்.

தோட்டத்து ஆள், வழிகாட்ட வந்தார். அவ்வளவுதான் சொன்னேன். அந்தக் காலத்தில் தமிழனுக்கு இருந்த பயம் என்று இதற்குச் சாக்குச் சொல்லலாம். பயமெல்லாம் இல்லை. வெட்கம். எண்ணெய் வழியும் அந்தத் தலையையும் கறுத்த விரலையும் பார்த்து வந்த வெட்கம்.

பெல்மதுளைச் சந்தையில் சிங்களத்திலேயே சண்டை பிடித்து மீன் வாங்குகிறவள் என் அக்கா. சப்ரகமுவத் தோட்டங்களில் பிறந்தவர்களுக்கு அது இரண்டாவது தாய்மொழி மாதிரி. நான்தான் கொழும்புக்குப் போய் அதைத் தட்டுத் தடுமாறிப் பேசுகிறேன். அந்த நொடியில் அது எனக்கு நினைவில்லை. நினைவிருந்தாலும் சொல்லியிருப்பேனோ என்னவோ.

என் முதுகுக்குப் பின்னால் அவள் குரல் கேட்டது. "ஒவ் மஹத்தயா. மம எலியே இன்னங்." ஆமாம் ஐயா, நான் வெளியே இருக்கிறேன். குரலில் கோபமே இல்லை. நான் திரும்பிப் பார்ப்பதற்குள் அவள் படியிறங்கி, செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு குசினிப் பக்கம் சுற்றிப் போய்விட்டாள்.

எழுந்து ஓடிப் போய்க் கூட்டி வந்திருக்கலாம். அதற்கு நிறையவே நேரம் இருந்தது. ஒரு பையன் வந்து மேசையிலிருந்து இரண்டாவது தட்டை எடுத்தான், கரண்டியை எடுத்தான், கடைசியில் நாற்காலியையும் எடுத்தான். நான் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

12.15 முதல் 1.40 வரை ஆறு வகை பரிமாறினார்கள். முதலில் சின்னக் கிளாசில் வல்லாரையும் இளநீரும் சேர்த்து அடித்த சாறு. பிறகு மயிர் போலச் சீவி எலுமிச்சையில் ஊறிய வாழைப்பூ. மூன்றாவதாக இளநீர் வழுக்கையை நாடா நாடாவாக வெட்டி, ஊற வைத்து அரைத்த கஜு முந்திரி ஊற்றிய ஒன்று, நூடுல்ஸாம். வெயிலில் காய வைத்த விதை ரொட்டி, அதன் மேல் பட்டர் புரூட். பப்பாசிக்குள் பேரீச்சம்பழம். கித்துல் பனையின் பாணி காய்ச்சியது என்பதால் அதற்குக்கூட இடமில்லை. கடைசியில், தேயிலைத் தோட்டத்து நடுவில் இருந்துகொண்டு தேத்தண்ணி தரமாட்டார்கள் அல்லவா, பச்சைத் தண்ணீரில் பச்சைக் கொழுந்து மிதக்கும் ஒரு கண்ணாடிக் கிளாஸ். எல்லாம் நேர்த்தியாக இருந்தது, ருசியாகவும் இருந்திருக்கலாம். நான் ஒவ்வொன்றையும் தொட்டுவிட்டுத் தள்ளி வைத்தேன். இதற்கிடையில் பின்பக்கத்திலிருந்து கருவாடு சுடும் வாசனை வேறு வந்தது. வேலைக்காரர்களுக்கு ஒரு கொட்டகையும் அடுப்பும் தனியாக இருக்கிறதாம். மெனேஜர் ஓடிப் போய் ஜன்னலைச் சாத்தினார்.

"அழகான பச்சை, அமைதியான பரிமாறல்" என்று பத்திரிகையில் எழுதினேன். மேலே சொன்ன மற்ற எதுவும் அதில் இல்லை.

இரண்டு மணிக்குக் கேட்டுக்கு வெளியே அக்கா காத்திருந்தாள். வண்டி வேண்டாம், லயத்துக்குக் குறுக்குப் பாதை இருக்கிறது என்று தேயிலைக்குள் இறங்கினாள்.

"சாப்பிட்டீங்களா அக்கா?"

"நல்லா சாப்பிட்டேன். சுடுசோறு, கருவாடு. அந்தக் குசினிப் புள்ள நம்ம மேக்கணக்கு லயத்துப் புள்ளதான். நீதான் பட்டினி கெடந்திருப்ப."

"அக்கா, நான் அங்க அப்பிடி…"

"மழ வரப்போவுது தம்பி. என்னென்னா குடுத்தாங்க? ஒன்னொன்னா சொல்லு."

கேலி செய்கிறாள் என்று நினைத்தேன். முகத்தைப் பார்த்தேன், இல்லை. "லயத்துல எல்லாம் காத்துக்கிட்டு இருப்பாளுங்க. ஒரு வாரமா சொல்லி வெச்சிருக்கேன். நான் என்னா தின்னேன்னு கேட்டா சொல்லணும்ல?" என்றாள்.

சொன்னேன். பாடம் ஒப்பிக்கிற மாதிரி ஒவ்வொன்றாக அவள் திருப்பிச் சொல்லிப் பார்த்தாள். கஜுச் சாந்து தேங்காய்க்கு மேலேயா கீழேயா என்று கேட்டு உறுதி செய்துகொண்டாள். கிளாஸில் மிதந்த கொழுந்தைச் சொன்னபோது மட்டும் நின்றுவிட்டாள். "பச்சக் கொழுந்தா? ரெண்டு எலையும் மொட்டுமா? ஐயோ, அதுக்கா அம்புட்டுக் காசு!" என்று வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். எனக்கும் சிரிப்பு வந்தது, கண்ணும் கலங்கியது. மழை பிடித்துக்கொண்டது.

2.50. லயத்து வாசலில் ஏழெட்டுப் பெண்கள் உண்மையாகவே காத்திருந்தார்கள். அக்கா நனைந்த முந்தானையைப் பிழிந்துவிட்டு, படிக்கட்டில் உட்கார்ந்து ஆரம்பித்தாள். ஏழு படியும் ஏறியது, வெள்ளைத் துணி விரித்த மேசை, வாழைப்பூ, தேங்காய் நாடா. எதையும் விடவில்லை. "அந்தக் கொழுந்துத் தண்ணிய மட்டும் நான் குடிக்கல. வேல செஞ்ச நெனப்பு வந்திருச்சி" என்றதும் எல்லாரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள்.

பக்கத்து வீட்டு ராசம்மாதான் கேட்டாள். "ஒங்கள யாருன்னு கேக்கலியா அக்கா அங்க?"

"கேக்காம? மெனேஜர் மஹத்தயாவே கேட்டாரு."

"தம்பி என்னா சொல்லிச்சி?"

"மே மகே அக்கா, அப்பிடின்னு சொல்லிச்சி. சிங்களத்துலயே."

இது என் அக்கா. சிங்களத்திலும் அக்காவுக்கு அக்கா என்றுதான் சொல்வார்கள். ராசம்மா என்னைத் திரும்பிப் பார்த்தாள், மற்றவர்களும் பார்த்தார்கள். நான் ஆமாம் என்று தலையாட்டினேன்.