குமிழ் விலகிய பக்கம்

நான் ஷெட்டுக்குள் கால் வைத்ததும் குமிழ் விலகிப் போகும். கண்ணாடிக் குழாய்க்குள், இளம்பச்சைத் திரவத்தில், அடைபட்டுக் கிடந்த துளிக் காற்று அது. கதவருகே நான் நின்றால் என்னைவிட்டு நகர்ந்து, லேத்துக்கு அந்தப் பக்கம் குனிந்திருக்கும் என் கணவரை நோக்கிப் போகும். நான் வெளியே வந்துவிட்டால், ஆள் போய்விட்டதா என்று பார்ப்பதைப் போல, மெதுவாகத் திரும்பும்.

"உன்னைக் கண்டா அதுக்கும் பயம்," என்றார்.

"அதுக்கும்னா? வேற யாருக்காம்?"

"எனக்குத்தான். இட்லியக் கொஞ்சம் கொறச்சிக்கோ, தரை தாங்கல."

சிரித்தோம். முதல் நாள் சிரிக்க முடிந்தது.

ஜீவனஹள்ளியில் எங்கள் வாடகை வீட்டுக்குப் பின்னால் தகரக் கூரை போட்ட ஷெட் அது. வீட்டின் பின்கதவு நேராக அதற்குள் திறக்கும். கம்பெனி வேலையை விட்டபின் அவர் அங்கே ஒரு பழைய லேத்தைப் போட்டு, தண்ணீர் பம்புகளுக்கு ஷாஃப்ட் கடைந்து கொடுக்கிறார். நான் சுவருக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்து, அச்சுக்குப் போகும் புத்தகங்களுக்குப் பிழை திருத்துகிறேன். இரும்பு சீவப்படும் சத்தத்திலேயே என் பகல்கள் கழிந்திருக்கின்றன. அந்தச் சத்தம் சீராக இருந்தால் எனக்குப் பசிக்கும், தூக்கம் வரும், எழுத வரும். அது தடுமாறினால் பேனாவை வைத்துவிட்டுக் காதைத் தீட்டிக்கொள்வேன்.

ஷெட்டின் மூலையில், தரையிலிருந்து முழங்கால் உயரத்துக்கு ஒரு துருப்பிடித்த குழாய் நீட்டிக்கொண்டிருந்தது. நாங்கள் குடிவந்தபோதே இருந்தது. எதற்கென்று யாரும் கேட்கவில்லை. எண்ணெய் துடைக்கும் துணியை அதன் வாய்மேல் போட்டு வைப்பேன். காற்றே இல்லாத மத்தியானங்களில் அந்தத் துணி லேசாக எழும்பி அடங்கும். தூங்குகிறவர் முகத்தில் போர்வை எழும்புமே, அப்படி. தகரக் கூரையின் சூடு என்று நினைத்துக்கொண்டேன். நினைத்துக்கொள்வது சுலபமாக இருந்தது.

மழைக்காலம் முடிந்தபோது அவருடைய வலது கை நடுங்கத் தொடங்கியது. நான் அதை முதலில் பார்க்கவில்லை, கேட்டேன்: காபி டம்ளர் டபராவுக்குள் கிணுகிணுத்தது. டாக்டர், கொஞ்ச நாள் பார்ப்போம் என்றார். பிறகு கோடை வந்தது. அந்தக் கோடையிலிருந்து ஷாஃப்டுகள் திரும்பி வரத் தொடங்கின. ஒரு முனை பருத்து, மறுமுனை மெலிந்து. கண்ணுக்குத் தெரியாத வித்தியாசம்தான், ஆனால் பேரிங்குக்குத் தெரியும். அவர் லேத்தைச் சரிசெய்வார். சாயங்காலம் எல்லாம் ஒன்றுபோல் வரும். அடுத்த நாளோ, அதற்கு அடுத்த நாளோ, மறுபடி கோணல்.

"நேத்து நான்தானே சரி பண்ணேன்? இன்னிக்கு எப்படி மாறும்? அப்ப நேத்து நான் சரியாவே பாக்கலையா?"

கேட்டுவிட்டுத் தன் வலது கையைப் பார்த்தார். யாரோ கொடுத்துவிட்டுப் போன பொருளைப் பார்ப்பதுபோல் பார்த்தார்.

லேத்தின் நீளமான இரும்பு முதுகை பெட் என்பார்கள். அதன் மேல் இரண்டு வரப்புகள் ஓடும். ஒன்று கூரை முகடு போல் இருபுறமும் சரிந்தது, மற்றது தட்டை. உளி பிடித்த வண்டி அவற்றின் மேல்தான் ஊர்ந்து போகும். வரப்புகள் தேய்ந்தாலோ முறுக்கிக்கொண்டாலோ கடைவதெல்லாம் கோணல்தான். மேடான இடங்களைக் கையாலேயே சுரண்டி எடுத்து அவற்றைப் புதுசாக்கலாம். ஆனால் எங்கே மேடு, எங்கே முறுக்கு என்று முதலில் தெரிய வேண்டும்.

"கோணல் பாக்க ஒரு கேஜ் செய்யப் போறேன்," என்றார். "பெட்டு மேல தள்ளிக்கிட்டே போனா அதுவே சொல்லும். பெட்டு முறுக்கிக்கிட்டு இருந்தா சொரண்டி சரி பண்ணிடலாம். பெட்டு நேரா இருந்து, தப்பு என் கையில இருந்தா..."

"இருந்தா?"

"லேத்த வித்துட்டு ஒக்கார வேண்டியதுதான்."

சொல்லிவிட்டுச் சோற்றைப் பிசைந்தார். ரொம்ப நேரம் பிசைந்தார்.

சிவாஜிநகரில் பழைய இரும்புக் கடையில் ஒரு கனத்த தகடும், மரப்பெட்டியில், மட்டம் பார்க்கும் குமிழ்க் குழாய் வைத்த ஒரு லெவலும் கிடைத்தன. எந்தப் பட்டறை இழுத்து மூடப்பட்டபோது வந்ததோ, பெட்டியைத் திறந்தால் முகம் தெரியாத ஒருவரின் மூக்குப்பொடி வாசம். தகட்டுக்கு ஐந்து கால்கள் வைத்தார். முகட்டு வரப்பின் சரிவுகளில் உட்கார நான்கு, தட்டை வரப்புக்கு ஒன்று. ஒவ்வொரு கால் நுனியிலும் பழைய பேரிங்கிலிருந்து எடுத்த எஃகு குண்டு. மேலே குறுக்காக லெவல். சிறிய திருகுகளை முடுக்கும்போது அவருடைய ஸ்க்ரூ டிரைவர் வழுக்கி வழுக்கி விழுந்தது. தகட்டை என் பக்கம் நகர்த்தினார். சமையலறை மேடையில் வைத்து நான் முடுக்கினேன். முடித்தபோது அது ஊனமான நண்டு போல நின்றது.

லெவலை நம்பலாமா என்று பார்க்க ஒரு வழி உண்டு. வைத்துப் பார்த்துவிட்டு, தூக்கி, முனை மாற்றி அதே இடத்தில் வைக்க வேண்டும். குமிழ் அப்போதும் அறையின் அதே பக்கம், அதே அளவுக்கு ஒதுங்கி நின்றால் அது பொய் சொல்லவில்லை என்று அர்த்தம்.

"நீயே வை," என்றார். "என் கை வேணாம்."

வைத்தேன். திருப்பி வைத்தேன். பொய் சொல்லவில்லை.

பொய் சொல்லாத அந்தப் பொருள்தான் பிறகு ஒவ்வொரு நாளும் ஒவ்வொன்று சொன்னது. மோட்டார் இருக்கும் தலைப்பக்கம் எப்போதும் ஒரே இடத்தில் நிற்கும் குமிழ், கதவை ஒட்டிய வால்பக்கம் தள்ளும்போது இன்று இப்படி, நாளை வேறு மாதிரி. சாக்பீஸில் அடையாளம் போட்டார். மறுநாள் அடையாளம் தனியாக இருந்தது, குமிழ் தனியாக இருந்தது. என் உடம்புச் சூடாக இருக்கும் என்று என்னைத் தள்ளி நிற்கச் சொன்னார். ரயில் அதிர்வாக இருக்கும் என்று ரயில் போனபின் காத்திருந்து பார்த்தார். ரயிலுக்குக் குமிழ் சிலிர்த்துவிட்டு அதே இடத்துக்கு வரும். எனக்குத்தான் விலகும். கதவைத் தாண்டி நான் நிற்கும் அந்த ஒரு இடத்துக்குத்தான்.

கேலி நின்றுபோனது. நான் காபியைக் கதவுக்கு வெளியே வைத்துவிட்டுக் குரல் கொடுக்கத் தொடங்கினேன். என் சொந்த வீட்டில் ஒரு துளிக் காற்று என்னை வேண்டாம் என்கிறது. இதை யாரிடம் சொல்வது? சொன்னால் நானே சிரிப்பேன். ஆனாலும் ஈறுக்குள் முள் போல அது இருந்துகொண்டே இருந்தது.

ஒரு நாள் பெட்டைச் சுரண்டும் உளியைத் தீட்டி வைத்திருந்தார்.

"அது ஆடிக்கிட்டே இருக்கே, எத வெச்சி சொரண்டுவீங்க?"

"ரொம்ப நாள் எது காட்டுச்சோ அத வெச்சி."

"தப்பா எடுத்துட்டா?"

"எடுத்த இரும்ப ஒட்ட வெக்க முடியாது. ஆனா சும்மா ஒக்காந்து கையப் பாத்துக்கிட்டும் இருக்க முடியாதும்மா."

மறுநாள் காலை தண்ணீர் வரும் முறை. கோடையில் காவேரித் தண்ணீர் குறைந்ததிலிருந்து, எல்லா வீட்டிலும் போல நாங்களும் இடம் கிடைத்த இடத்தில் டிரம் வைத்திருந்தோம். எங்கள் நீல டிரம்கள் ஷெட்டுக்குள், பின்கதவை ஒட்டி, லேத்தின் வால்பக்கத்துக்குப் பின்னால் வரிசையாக நின்றன. தெருக் குழாயில் டியூபை மாட்டி, சந்து வழியாகக் கொண்டுவந்து ஜன்னலில் செருகி, டிரம்மில் விட்டுவிட்டு, நான் வெளியே குழாயடியிலேயே நின்றேன். உள்ளே அவர் மட்டும். சுரண்டுவதற்குமுன் கடைசியாக ஒருமுறை கேஜைத் தள்ளிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"உள்ள வந்தியா?" உள்ளிருந்து அவர் குரல்.

"இல்லீங்க, டேப்புகிட்ட நிக்கிறேன்."

குழாயிலிருந்து டியூப் கழன்றுவிடாமல் பிடித்துக்கொண்டேன். தண்ணீர் ஓடும் சத்தம் மட்டும்.

"யாருன்னா உள்ள வந்தாங்களா?"

"யாரு வருவாங்க?"

"நகருது." குரல் அவருடையதாகவே இல்லை. "யாருமே இல்ல. நான் தொடவும் இல்ல. அதுபாட்டுக்கு நகருது."

என் கை தானாகக் குழாயைத் திருகி மூடியது.

"இப்ப இன்னா பண்ணே?"

"மூடினேன்."

"நின்னுடுச்சி. தெற."

திறந்தேன். உள்ளே, மூச்சைப் பிடித்துக்கொண்டு பேசுகிறவரைப் போல, "வருது... வருது..." என்றார்.

ஓடிப்போய் ஜன்னல் வழியாகப் பார்த்தேன். டிரம் நிரம்ப நிரம்ப, குமிழ் எறும்பை விட மெதுவாக டிரம்மை விட்டு விலகிக்கொண்டிருந்தது. மூலையில், குழாய் வாயில் போட்டிருந்த துணி எழும்பி, அடங்கியது. நாங்கள் இருவருமே அதைப் பார்த்தோம்.

வாளி வாளியாக முகந்து சந்தில் ஊற்றினோம். எதிர்வீட்டு அக்கா, "ஏன், பைத்தியம் புடிச்சிருக்கா, தண்ணிய ஊத்துறீங்க?" என்று வாசலிலிருந்து கத்தினார். டிரம்கள் காலியாகக் காலியாகக் குமிழ் திரும்பி வந்தது. தண்ணீர் பிடித்த நாளில் கோணல், தீரத் தீர நேர். கோடை முழுக்க ஷாஃப்டுகள் அதைத்தான் சொல்லிக்கொண்டிருந்தன.

முன்வீட்டில் இருக்கும் ஓனரம்மா ரிட்டையரான டீச்சர். நடையில் நின்று கேட்டுவிட்டு நெற்றியைத் தட்டிக்கொண்டார்.

"அங்கயா மிஷின் வெச்சிருக்கீங்க? அது கெணத்து மேலம்மா!"

"கெணறா? சொல்லவே இல்லியே நீங்க?"

"சொல்ல இன்னா இருக்கு? போர் போட்டதும் எங்கப்பா கல்லு பரப்பி, சிமெண்ட் போட்டு மூடிட்டாரு. மூடினதுதான், ரொப்பல. கெணத்த ரொப்பக் கூடாதும்பாரு. மூச்சு விடட்டும்னு மூலையில ஒரு பைப்பு வெச்சாரே, பாக்கல?"

பார்த்திருக்கிறேன். அதன் வாயை நான் துணியால் மூடிக்கொண்டிருந்தேன்.

ஷெட்டுக்குத் திரும்பினோம். நான் வாசற்படியிலேயே நின்றுவிட்டேன். அவர் சுவரோரமாக நடந்து போய்த் துணியை எடுத்தார். குளிர்ந்த ஒரு வாசம் வந்தது, பூட்டி வைத்த கோயிலின் வாசம். மிச்சமிருந்த எஃகு குண்டு ஒன்றை உள்ளே போட்டார். காது கொடுத்தோம். ஒன்றும் கேட்கவில்லை. ரொம்ப நேரம் கேட்கவில்லை. அவர் முழங்காலில் கையூன்றி எழுந்த பிறகு, வழியில் எங்கோ தங்கி, யோசித்து, மனம் மாறி விழுந்தது போல, அடியில் 'ளொக்' என்று ஒரு சத்தம்.

இத்தனை வருடம் நான் நின்று பேசிய இடம். வெங்காயம் உலர்த்திய இடம். என் காலுக்கும் அதற்கும் நடுவே ஒரு கல் மட்டும்.

தெருக்காரர்கள் சேர்ந்து, குழாய்த் துண்டுகளை அடியில் உருட்டி, வால்பக்கம் கிணற்றுக் கல் மேல் நின்ற லேத்தைத் தலைப்பக்கத்துக் கெட்டித் தரைக்கு முழுசாக நகர்த்தினார்கள். கல் பரப்பின் மேல் யாரும் மிதிக்காதபடி காலி டிரம்களைக் குறுக்கே கவிழ்த்தோம். துணியை மறுபடி அந்தக் குழாயில் நான் போடவில்லை.

அவர் ஒரு ஷாஃப்டைக் கடைந்தார். அளவு பார்க்கும்போது கை நடுங்கியது, மைக்ரோமீட்டர் இரும்பில் கிணுகிணுத்தது. அளக்க நான் கை நீட்டினேன். கொடுக்கவில்லை. இடது கையால் வலது மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு, இந்த முனையை அளந்தார், அந்த முனையை அளந்தார். மறுபடி முதலிலிருந்து அளந்தார்.

"ஒண்ணுதான்," என்றார். "கை ஆடுது. வேலை ஆடல."

அப்புறம் ஐந்து கால் கேஜைப் பெட்டின் வால்பக்கம் வைத்து என்னைக் கூப்பிட்டார். "வா. பின்பக்கமா நில்லு. பயப்படாத, கெட்டித் தரை."

போய் நின்றேன். குமிழ் அசையவில்லை. ஒரு அடி முன்னால் வைத்தேன். குதிகாலால் தரையைத் தட்டினேன். நன்றாகக் குனிந்து பார்த்தேன். அது என்னைக் கண்டுகொள்ளவே இல்லை. அவர் முகத்தில் பல மாதங்களுக்குப் பிறகு வந்த சிரிப்பைப் பார்த்துக்கொண்டு, எடையே இல்லாதவளைப் போல, அங்கே ஆளே இல்லாததைப் போல, நான் நின்றுகொண்டிருந்தேன்.