மூளையில் கட்டி

எனக்கு ஐந்தாம் வகுப்புவரைதான் படிப்பு. எழுத்து முன்னே பின்னே இருக்கும், சிலது மறந்தும் போயிற்று. பொறுத்துக்கொண்டு படியுங்கள்.

சூளகிரி பக்கம் ஒரு கம்பெனியில் பாத்திரம் கழுவுகிறேன். அங்கே செய்வது மூளை. நிஜ மூளை இல்லை. கடல்பாசி மாதிரி ஒரு தூளைக் காய்ச்சி அச்சில் ஊற்றி உறைய வைப்பார்கள். மூளை ஆராய்ச்சி செய்கிற டாக்டர்கள் அதில் ஊசி இறக்கிப் பார்ப்பார்கள். நிஜ மூளை போலவே மெத்தென்று இருக்க வேண்டுமாம்.

காய்ச்சுகிறவள் மத்தூர்ப் பெண். வேலைக்குப் புதுசு. நிரந்தரம் ஆக்குவார்கள் என்று காத்திருந்தாள். மேனேஜர் பெங்களூரிலிருந்து காரில் வருகிறவர், பெரிய படிப்பு. மாஸ்க்கைக் கழற்றாமலே உத்தரவு போடுவார். புரிந்ததா என்று கேட்க நிற்க மாட்டார், அவ்வளவு அவசரம்.

டாக்டர்கள் வரும் நாளுக்கு முதல் நாள், “கட்டி ஆகக் கூடாது” என்று சொல்லிவிட்டுப் போனார்.

“கட்டி தட்டினா என் வேலை போச்சு, ஆயா,” என்று அவள் கிண்டிக்கொண்டே இருந்தாள். நீர் சுண்டும்வரை காய்ச்சி, துணியில் வடிகட்டி ஊற்றினாள்.

மறுநாள் டாக்டர் ஊசியை இறக்கினார். ஊசி வளைந்தது. மூளை செருப்பு ரப்பர் போல இருந்தது.

“உனக்கு மூளை இருக்கா? நாளையிலிருந்து வராதே,” என்றார் மேனேஜர்.

எனக்கு நாலு பேர் முன்னால் பேச வராது. தொட்டி ஓரமாக ஒதுங்கிக்கொண்டேன். அவள் ஒதுங்கவில்லை.

“கட்டி இருக்கக் கூடாதுன்னீங்க. அறுத்துப் பாருங்க சார், ஒரு கட்டி காமிங்க.”

“கட்டின்னா ஹார்டும்மா. இதுகூடத் தெரியாதா?”

“அது உங்க கன்னடத்துல சார். எங்க ஊர்ல கட்டின்னா கட்டிதான்.”

டாக்டர்கள் சிரித்துவிட்டார்கள். அவர்கள் சிரித்த பிறகு மேனேஜரால் அவளைப் போகச் சொல்ல முடியவில்லை. “சரி சரி, வேற ஊத்து,” என்றார்.

சாயங்காலம், அவள் தண்ணீர் கூட்டிக் காய்ச்சி ஊற்றிய அடுத்த மூளையில் ஊசி தயிரில் இறங்குவது போல இறங்கியது. “கலவையை நானே மாத்தினேன்,” என்று மேனேஜர் டாக்டர்களிடம் சொல்லிக்கொண்டார். மூன்று பாஷை பேசுகிற வாய். தப்பு என்னுடையது என்று சொல்ல ஒன்றிலும் வரவில்லை.

அவள் இன்னும் காய்ச்சுகிறாள். நிரந்தரப் பேச்சை மட்டும் அவர் எடுப்பதே இல்லை.

கன்னடத்தில் கட்டி என்றால் கெட்டிதானா? அந்தத் தூளும் கடல்பாசிதானா? தெரிந்தவர்கள் பார்த்துத் திருத்துங்கள். அவரிடம் மட்டும் கேட்க வேண்டாம்.