வெள்ளாவிக்குப் போன கோட்டு

என் சித்தப்பா சீமைக்குப் படிக்கப் போன வருஷம் எங்கள் வீட்டில் குளிரைப் பற்றிப் பேசாத ஆள் இல்லை. குளிரைப் பார்த்த ஆளும் இல்லை. தக்கலைக்குப் பக்கத்தில் இருந்தது எங்கள் வீடு. எங்களுக்குத் தெரிந்ததெல்லாம் மார்கழி விடியற்காலையில் குளத்துத் தண்ணீரில் இருக்கும் குளிர்தான். அதுவும் இரண்டாவது முங்கலில் போய்விடும்.

எனக்கு அப்போது ஒன்பது வயது. அப்பா, அம்மா, நான், அப்பாவின் தம்பியான சித்தப்பா, ஆவணியில் அவர் கல்யாணம் செய்து கூட்டிவந்த சித்தி, இவ்வளவு பேர்தான் வீட்டில். சித்தப்பா கல்லூரியில் வாத்தியார். இங்கிலாந்தில் இரண்டு வருஷம் மேல்படிப்புக்கு அவருக்கு இடம் கிடைத்திருந்தது. விண்ணப்பம் கல்யாணத்துக்கு முன்பே போனது; பதில் கல்யாணத்துக்குப் பிறகு வந்தது. கார்த்திகைக் கடைசியில் பம்பாயிலிருந்து கப்பல்.

பதிலோடு, என்னென்ன உடுப்பு கொண்டுவர வேண்டும் என்று ஒரு பட்டியலும் வந்திருந்தது. அப்பா அதைத் தமிழாக்கி எல்லோருக்கும் வாசித்துக் காட்டினார். கனத்த மேல்கோட்டு ஒன்று. கம்பளி உள்சட்டை மூன்று. கணுக்கால் வரை வரும் கம்பளி உள்கால்சட்டை மூன்று. அந்த இடத்தில் அம்மா நிறுத்தச் சொன்னாள்.

“கால்சட்டைக்குள்ள இன்னொரு கால்சட்டையா?”

“அப்படித்தான் போட்டிருக்கு.”

“அப்பம் ஒரு அவசரம்னா என்ன செய்வாவ?”

பட்டியலில் அதற்குப் பதில் இல்லை.

மூணாறு தேயிலைத் தோட்டத்தில் கம்பவுண்டராக இருந்து ஓய்வுபெற்ற ஒருவர் எங்கள் தெருவில் இருந்தார். குளிரைப் பற்றி அவர் சொன்னதே முடிவு. நெஞ்சில் எண்ணெய் தேய்த்து, காதில் பஞ்சு வைத்து, இடுப்பில் துணியை இறுக்கிக் கட்டிவிட்டால் எந்தக் குளிரும் கிட்டே வராது என்று அவர் சொல்லிவிட்டுப் போனார். அம்மா உடனே காயத்திருமேனி எண்ணெய் இரண்டு குப்பி வாங்கிப் பெட்டியின் அடியில் வைத்தாள். அதன்மேல் துடைத்துக்கொள்ளப் பன்னிரண்டு துவர்த்துத் துண்டு, எட்டு வேட்டி.

“மயினி, அங்க வேட்டி உடுத்த முடியாது” என்றார் சித்தப்பா அம்மாவிடம்.

“உறங்கும்போ யாரு பாக்கா? வச்சுக்கிடுங்கோ.”

உள்சட்டையும் காலுறையும் திருவனந்தபுரத்தில் கிடைத்தன. கோட்டு கிடைக்கவில்லை. நாகர்கோவில் கடைகளில் கம்பளித் துணி கேட்டால் போர்வையை எடுத்துப் போட்டார்கள். போர்வையில் கோட்டு தைத்துப் போட்டுக்கொண்டு இறங்கினால், கரடி வந்துவிட்டது என்று சீமைக்காரன் சுட்டுவிடுவான் என்றார் சித்தப்பா. கடைசியில் அப்பாவுக்குத் தெரிந்த டாக்டர் ஒருவர், தான் அங்கே படித்த காலத்தில் போட்டிருந்த கோட்டைக் கொடுத்தார். சாம்பல் நிறம். கையில் வாங்கியபோது ஆட்டுக்குட்டியைத் தூக்குவதுபோல் இருந்தது. சித்தப்பா அதைப் போட்டுக் காட்டினார். முழங்காலுக்குக் கீழே வந்தது. ஐந்து நிமிஷத்தில் கழற்றிவிட்டு விசிறியைத் தேடினார்.

அந்தக் கோட்டு பெட்டிக்குள் போவதற்கு ஒரு தடை இருந்தது. அடுத்தவர் உடுத்த துணி எங்கள் வீட்டுக்குள் வந்தால், வெளுத்து வாங்காமல் யாரும் அதை உடுத்தக் கூடாது. இது அம்மாவின் சட்டம்.

“டாக்டர் போட்ட கோட்டுல்லா, சுத்தமாத்தான் இருக்கும்” என்றார் அப்பா.

“டாக்டர் போட்டதுனாலதான் சொல்லுகேன். எத்தன பிணத்தத் தொட்ட கையோ.”

வெளுப்புக்குத் துணி எடுத்துக் கொடுப்பது கல்யாணமானதிலிருந்து சித்தியின் வேலையாக இருந்தது. சித்தி கோட்டை ஒரு பழைய வேட்டியில் பொதிந்து என் தலையில் வைத்தாள். குளத்துக்கு அக்கரையில் இருந்தது துணி வெளுக்கும் அக்காவின் வீடு. கொண்டுபோய் இறக்கினேன்.

அந்த அக்கா கோட்டை விரித்துப் பார்த்தாள். முகர்ந்தாள். ஒரு நூலைப் பிய்த்து விரலில் உருட்டினாள்.

“பிள்ளே, இது நூல் துணி இல்லியே. ஆட்டு முடியில்லா. வெள்ளாவியில வைக்கலாமா கூடாதான்னு வீட்டுல கேட்டுட்டு வா.”

வெள்ளாவி என்றால் துணியை உவர்மண் கரைத்த நீரில் முக்கி, பெரிய பானையில் அடுக்கி, கீழே தீயிட்டு ஓர் இரவு முழுக்க ஆவியில் அவிப்பது. எங்கள் வீட்டு வேட்டியும் சேலையும் அப்படித்தான் வெளுத்தன. நான் திரும்பி ஓடிவந்தேன். அம்மா கிணற்றடியில் இருந்தாள். சித்தி அடுக்களை வாசலில் உட்கார்ந்து, நாங்கள் உள்ளி என்று சொல்லும் சின்ன வெங்காயத்தை உரித்துக்கொண்டிருந்தாள். வெள்ளாவியில் வைக்கலாமா என்று அக்கா கேட்கிறாள் என்று சித்தியிடம் சொன்னேன்.

சித்தி கையிலிருந்த உள்ளியை முழுக்க உரித்து முடித்தாள். இன்னொன்றை எடுத்தாள். அதையும் உரித்தாள்.

“சித்தீ, அக்கா காத்துட்டு நிக்கா.”

“வைக்கச் சொல்லு” என்றாள்.

நான் போய்ச் சொன்னேன்.

மூன்றாம் நாள் கோட்டு வந்தது. அந்த அக்கா அதை வாசலில் வைத்துவிட்டு, தள்ளிப்போய் நின்றாள். அம்மா பொதியை அவிழ்த்தாள். சித்தப்பா கோட்டை எடுத்துக் கையை நுழைத்தார். அது முழங்கைக்குமேல் போகவில்லை. துணி பலகைபோல் கெட்டிப்பட்டிருந்தது.

“கோட்டு போயி குட்டி வந்திருக்கு” என்றார் சித்தப்பா. கப்பலுக்குக் கிளம்ப ஒன்பது நாள் இருந்தது. கோட்டு இல்லாமல் வரக் கூடாது என்று பட்டியலின் கீழே கோடு போட்டு எழுதியிருந்தார்கள்.

அப்பா வெளுக்கும் அக்காவிடம் திரும்பினார். “இத்தன வருசமா வெளுக்க. ஒனக்குத் தெரியாண்டாமா?”

“நான் கேட்டு விட்டேனே ஏமானே. பிள்ளைகிட்ட கேளுங்கோ.”

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். நான் வாயைத் திறப்பதற்குள் சித்தி முன்னால் வந்தாள்.

“அவ மேல குத்தமில்ல. நான்தான் வைக்கச் சொன்னேன்.”

அம்மாவுக்கு, வெளுக்கச் சொன்னது தான்தான் என்பதை இனி யாரும் நினைக்கப்போவதில்லை என்று தெரிந்ததும் குரல் வந்துவிட்டது. “பத்தாம் கிளாசு படிச்சவ செய்யுத காரியமாட்டி இது? எங்கிட்ட ஒரு வார்த்த கேக்கப்பிடாதா? நாலு எழுத்து படிச்சா எல்லாம் தெரிஞ்சிருமாக்கும்.”

சித்தி தலையைக் குனிந்து நின்றாள். சித்தப்பா மட்டும் ஏசவில்லை. அவளையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டுக் கேட்டார்.

“ஒனக்குத் தெரியாதா?”

“தெரியாது.”

சித்தப்பா கோட்டை எடுத்து எனக்கு மாட்டிவிட்டார். அது எனக்குச் சரியாக இருந்தது. சித்தியின் முட்டாள்தனத்தால் எனக்கு ஒரு கோட்டு கிடைத்தது என்றுதான் அன்று நினைத்தேன். டாக்டரிடம் அப்பா நேரில் போய்ச் சொன்னார். இனிமேல் எனக்கு எங்கே குளிரப்போகிறது என்று அவர் சிரித்தாராம்.

நான்கைந்து வருஷம் கழித்து, பள்ளியில் வீட்டு நிர்வாகப் பாடத்தில் கம்பளியைச் சுடுநீரில் போடக் கூடாது, சுருங்கிவிடும் என்று டீச்சர் நடத்தினார். நான் எழுந்து எங்கள் வீட்டுக் கோட்டின் கதையைச் சொன்னேன். வகுப்பே சிரித்தது. யார் வெள்ளாவியில் வைக்கச் சொன்னது என்று டீச்சர் கேட்டார். சித்தியின் பெயரைச் சொன்னேன். “அவளா? இதே பெஞ்சில் இருந்து படித்தவள். இந்தப் பாடத்தில் அவள்தானே முதல்” என்றார்.

அதற்குப் பிறகும் எனக்கு உறுதியில்லை. பள்ளியில் படித்ததெல்லாம் யாருக்கு நினைவிருக்கிறது? இப்போது எனக்கும் கல்யாணமாகிவிட்டது; அடுத்த மாதம் நான் கைக்குழந்தையோடு என் கணவர் வேலைபார்க்கும் ஊருக்குப் போக வேண்டும். அங்கே இப்போதே பனி விழுகிறதாம். குழந்தையின் கம்பளித் தொப்பியை அலசுவதற்கு முன்னால் தண்ணீரில் முழங்கையை வைத்துப் பார்க்கிறேன். போதாமல் இன்னொரு செம்பு பச்சைத் தண்ணீர் விடுகிறேன். அது குளிர்ந்துவிட்டதோ என்று மறுபடியும் தொட்டுப் பார்க்கிறேன். இதெல்லாம் தெரிந்த நானே இப்படித் தடுமாறும்போது, சித்திக்குத் தெரிந்தே இருந்தது என்று எப்படிச் சொல்வது? தெரிந்திருக்காது என்றும் எப்படிச் சொல்வது? அந்த இரண்டு உள்ளிகளைத்தான் என்னால் கணக்கில் எடுக்காமல் இருக்க முடியவில்லை. அவளிடம் கேட்டிருக்கலாம். கேட்கிற வயது எனக்கு வந்தபோது தைரியம் வரவில்லை.

சித்தப்பாவின் பயணம் நிற்கவில்லை. தக்கலையில் வக்கீல்களுக்குக் கறுப்புக் கோட்டு தைக்கும் தையல்காரர் ஒருவர் இருந்தார். ஒன்றின்மேல் ஒன்றாக இரண்டு பெரிய கோட்டுகளை வெட்டி, நடுவில் இலவம்பஞ்சு வைத்துத் தைத்துவிடலாம் என்று அவர் யோசனை சொன்னார். கம்பவுண்டரும் சரி என்றார். பஞ்சு வைத்துத் தைப்பது என் வேலை இல்லை, மெத்தை தைப்பவர் யாரையாவது பாருங்கள் என்று தையல்காரர் துணியை வெட்டிக் கொடுத்துவிட்டு விலகிக்கொண்டார்.

“நான் தைக்கேன்” என்றாள் சித்தி.

“கெடுத்தது போதாதா?” என்றாள் அம்மா.

“நான் தைக்கேங்க்கா.”

அது பஞ்சு வெடிக்கிற காலம் இல்லை. சித்தி தன் கல்யாணத்துக்குப் பிறந்த வீட்டிலிருந்து கொண்டுவந்த மெத்தையின் ஓரத்தைப் பிரித்தாள். பஞ்சை எடுத்து, ஒரு கொட்டைகூட இல்லாமல் பார்த்து, கோட்டுக்குள் பரப்பினாள். பஞ்சு கீழே இறங்கிவிடாமல் இருக்க, மெத்தைக்குப் போடுவதைப்போல் குறுக்கும் நெடுக்குமாகத் தையல் போட வேண்டும். மெத்தைக்குச் சாண் அகலத்துக்கு ஒரு தையல் போதும். சித்தி இரண்டு விரல் அகலத்துக்கு ஒன்று போட்டாள். ஆறு நாள் தைத்தாள். நெஞ்சுப் பக்கத்தை ஒருதடவை பிரித்து, இன்னும் கொஞ்சம் பஞ்சு வைத்துத் திரும்பத் தைத்தாள். ஊசி கோர்த்துக் கொடுக்க நான் பக்கத்தில் இருந்தேன். ஒரு கோட்டை அவ்வளவு அலட்சியமாகக் கெடுத்தவள், இன்னொன்றுக்கு இவ்வளவு பாடுபடுவானேன் என்று எனக்கு விளங்கவே இல்லை. அம்மாவின் ஏச்சுக்குப் பயந்துதான் என்று முடிவு செய்துகொண்டேன்.

கிளம்புவதற்கு முந்தின நாள் மத்தியானம் கோட்டைச் சோதித்துப் பார்த்தோம். குளிருக்கு எங்கே போவது? வேர்க்கிறதா என்று பார்ப்பதாக அப்பா ஏற்பாடு செய்தார். போட்டுக்கொண்டு முற்றத்து வெயிலில் கால்மணி நேரம் உட்கார வேண்டும். அப்பா உட்கார்ந்தார், முதுகில் சட்டை ஒட்டிக்கொண்டது. அம்மா பத்து நிமிஷத்தில், மூச்சு முட்டுகிறது என்று கழற்றினாள். அவள் கழுத்திலிருந்து வேர்வை வழிந்தது. நான் போட்டபோது கை தரைவரை தொங்கியது. எனக்கும் முதுகெல்லாம் ஈரம்.

“நீயும் ஒருக்கா போட்டுப் பாருலே” என்றார் அப்பா.

“ரெண்டு வருசம் போடப்போறேன். இண்ணைக்குமா?” என்று சித்தப்பா உள்ளே போய்விட்டார்.

சித்தியை யாரும் போடச் சொல்லவில்லை. அவளே எடுத்துப் போட்டுக்கொண்டாள். கழுத்துவரை எல்லாப் பொத்தானையும் மாட்டினாள். எங்கள் பக்கம் முதுகைக் காட்டி, கிணற்றடியில் வாழை நிழலில் போய் உட்கார்ந்தாள். நிழலில் இருந்தால் எப்படித் தெரியும் என்று அப்பா முணுமுணுத்தார். கால்மணி நேரம் ஆனது. அதற்கு மேலும் ஆனது.

“வேர்த்திருக்கான்னு பாத்துட்டு வா மக்கா” என்று அம்மா என்னை அனுப்பினாள்.

நான் பின்னால் போய்ச் சித்தியின் கழுத்தைத் தொட்டுப் பார்த்தேன். காய்ந்திருந்தது. காலருக்குள் விரலை விட்டு முதுகைத் தொட்டேன். அங்கேயும் ஈரமில்லை. முன்னால் வந்து முகத்தைப் பார்த்தேன். கன்னம் இரண்டும் நனைந்து, மோவாயிலிருந்து கோட்டின்மேல் சொட்டியிருந்தது.

எனக்குச் சந்தோஷமாக இருந்தது. ஓடிவந்து, “சித்திக்கு மூஞ்சியெல்லாம் வேர்த்து ஒழுகுது” என்று சொன்னேன். கழுத்து காய்ந்திருந்ததைச் சொல்ல வேண்டும் என்று தோன்றவில்லை.

“அப்பம் குளிரு தாங்கும்” என்று சொல்லிவிட்டு, அப்பா பெட்டியைத் திறந்தார்.