செபஸ்தியாம்பிள்ளை காட்டும் லண்டன்

தெற்கு லண்டனில் மிச்சம் என்கிற ஊரில் யார் வீட்டுக்கு விருந்தாளி வந்தாலும், ஊர் சுற்றிக் காட்டுகிற வேலை செபஸ்தியாம்பிள்ளையின் தலையில்தான் வந்து விழும். கனடாவிலிருந்து வந்த சம்பந்தியோ, மன்னாரிலிருந்து முதல்தடவை வந்திறங்கிய மாமியோ, யார் வந்தாலும் வீட்டுக்காரர் ஞாயிறு பூசை முடிந்து மாதா கோயில் வாசலில் தேத்தண்ணி குடிக்கிற நேரத்திலேயே ஆளைப் பிடித்துவிடுவார்கள். "அண்ணை, வாற சனிக்கிழமை லீவோ?" என்று யாராவது இழுத்தால் போதும். லீவு இருக்கிறதோ இல்லையோ, மனுஷன் "ஓம்" என்றுவிடுவார். இருபது வருஷத்துக்கு மேலாக லண்டனில் பஸ் ஓட்டுகிறவர், லீவு நாளிலும் சனத்தைப் பஸ்ஸிலும் ரயிலிலும்தான் ஏற்றிக்கொண்டு திரிவார். "காரில போனால் லண்டனைப் பாக்கேலாது, பார்க்கிங்கைத்தான் தேடலாம்" என்பது அவருடைய கட்சி.

காட்டுவதிலும் அவருக்கென்று ஒரு ஒழுங்கு உண்டு. முதலில் கோட்டை, பிறகு திறந்து மூடுகிற பாலம், பிறகு அரண்மனை வாசல். கோட்டையில் எத்தனை பேருக்குத் தலை வெட்டினார்கள் என்று கேட்டால், கேட்கிறவரின் முகத்தைப் பார்த்துக் கூட்டியோ குறைத்தோ சொல்லுவார். அரண்மனை வாசலில் காவல் நிற்கிறவனைச் சிரிக்கவைக்கலாம் என்று நம்பிப் பல்லைக் காட்டுகிற மாமாக்களையெல்லாம் பொறுமையாகக் காத்து நின்று கூட்டிவருவார்.

ஆனால் பாராளுமன்றத்தையும் அதன் மணிக்கூட்டுக் கோபுரத்தையும் மட்டும் ஆற்றுக்கு இந்தப் பக்கம் நின்றுதான் காட்டுவார். அங்கே கொண்டுபோய் விடுகிற பாலத்தில் கால் வைக்கமாட்டார். "கிட்டப் போனால் கோபுரம் படத்துக்குள்ள அடங்காது. இஞ்ச நிண்டு எடுத்தால்தான் வடிவு" என்பார். படமும் வடிவாகத்தான் வரும். அதனால் யாரும் மறுபேச்சுப் பேசியதில்லை. உண்மை தெரிந்தது மனைவி இசபெல்லுக்கு மட்டும்தான். அந்தப் பாலத்தைத் தாண்டிப் போகிற பஸ் வேண்டாம் என்று டிப்போவில் கெஞ்சி மாற்றிக்கொண்டவர் என்பதும் அவளுக்குத் தெரியும்.

இரண்டாயிரத்து ஒன்பதாம் ஆண்டு சித்திரையில், வன்னிச் சனமெல்லாம் ஒரு துண்டுக் கடற்கரைக்குள் நெருக்குப்பட்டுக் கிடந்தபோது, லண்டன் தமிழர்கள் வேலைவெட்டியை விட்டுவிட்டுப் பாராளுமன்றத்துக்கு முன்னால் உள்ள புல்வெளியில் போய் இருந்தார்கள். செபஸ்தியாம்பிள்ளையும் இருந்தார். ஷிப்ட் முடிந்த கையோடு, பஸ்காரச் சட்டையைக்கூடக் கழற்றாமல் ஓடிப்போய் இருந்தார். அவருடைய தம்பி எமில், எமிலின் மனைவி பெனிற்றா, அவர்களுடைய சின்னப் பெடியன் டெனுசன் மூன்று பேரும் அந்தக் கடற்கரையில் இருந்தார்கள். மன்னார் ஆட்காட்டிவெளியில் வீட்டைப் பூட்டிக்கொண்டு வெளிக்கிட்டவர்கள், இடம் இடமாக இடம்பெயர்ந்து கடைசியில் அங்கே போய்ச் சேர்ந்திருந்தார்கள். போரை நிறுத்தச் சொல்லிக் கத்திக் கத்திச் செபஸ்தியாம்பிள்ளைக்குத் தொண்டை அடைத்துப்போனது. வைகாசியில் எல்லாம் முடிந்தது. எமில் ஷெல் பட்டுச் செத்துப்போனான் என்பது, பெனிற்றா முகாமிலிருந்து வெளியே வந்து போன் எடுத்த பிறகுதான் உறுதியாகத் தெரிந்தது.

அந்த முதல் போனில் பெனிற்றா அழவில்லை. "றேடியோவில கேட்டனாங்கள், அத்தான்," என்றாள். "நீங்கள் எல்லாரும் றோட்டில இருக்கிறியள் எண்டு. இவர் பங்கருக்குள்ள றேடியோவைக் காதோட வைச்சுக்கொண்டு, அண்ணையும் அங்க இருப்பான் எண்டு சொல்லிச் சொல்லிச் சந்தோசப்பட்டவர்."

அவள்தான் ஆறுதல் சொன்னாள். "நீங்கள் கவலைப்படாதேங்கோ. நீங்கள் கத்தினது பாராளுமன்றத்துக்குள்ள இருக்கிறவைக்குக் கேட்டிருக்காது. அது பெரிய கோட்டை மாதிரியெல்லே, உங்களை எங்கயோ தூரத்தில மறிச்சு வைச்சிருப்பினம். கேட்டிருந்தால் இப்பிடிச் சாக விட்டிருக்கமாட்டினம்."

இல்லைப் பிள்ளை, ஒரு றோட்டுத்தான் நடுவில், என்று சொல்ல வாயெடுத்தார். சொல்லவில்லை. கேட்கவில்லை என்றால் அது தூரத்தின் குற்றம், யாரையும் வெறுக்க வேண்டியதில்லை. கேட்டும் விட்டுவிட்டார்கள் என்றால், அதை நெஞ்சில் வைத்துக்கொண்டு ஒருத்தி தகப்பனில்லாத பிள்ளையை எப்படி வளர்ப்பாள்? அவள் அந்த நம்பிக்கையைப் பிடித்துக்கொண்டுதான் எழும்பினாள். தையல் மெஷின் வாங்கினாள், பெடியனைப் படிப்பித்தாள், அவன் கேட்டபோதெல்லாம் "தூரம் தம்பி, கேட்டிருக்காது" என்றே சொல்லி ஆளாக்கினாள். அந்தக் கதை ஒவ்வொரு வருஷமும் வைகாசியில் போனில் வரும். செபஸ்தியாம்பிள்ளை ஒவ்வொரு வருஷமும் "ம்" என்பார்.

இப்போது அந்தப் பெனிற்றா, செபஸ்தியாம்பிள்ளையின் மகள் ஜெஸ்ரினின் கலியாணத்துக்கென்று விசா எடுத்து மிச்சத்துக்கே வந்து நிற்கிறாள். கலியாணம் முடிந்து களைப்பு ஆறியதும் இசபெல், "இஞ்சாருங்கோ, அவளை ஒருக்கா வெளியில கூட்டிக்கொண்டு போய்க் காட்டுங்கோவன்," என்றாள். பிறகு குரலைத் தணித்து, "அங்க மட்டும் போயிடாதேங்கோ," என்றாள். அவருக்குச் சொல்லவேண்டியதே இல்லை.

டிராமில் விம்பிள்டன், அங்கிருந்து ரயிலில் வாட்டர்லூ. கோட்டையைப் பிறகு பார்க்கலாம், முதலில் ஆற்றங்கரையில் படத்தை எடுத்து அந்தக் கண்டத்தை முடித்துவிடுவோம் என்று கணக்குப் போட்டுக்கொண்டார். பெரிய ஆசுப்பத்திரிக்கு முன்னால், ஆற்றோரம் நெடுக ஒரு மதில் உண்டு. மதில் முழுக்கச் சிவப்பில் சின்னச் சின்ன இருதயம் கீறியிருக்கும். பெனிற்றா அங்கே நின்றுவிட்டாள். ஆற்றுக்கு அப்பால் வெயிலில் பளபளத்த பாராளுமன்றத்தை அவள் திரும்பியும் பார்க்கவில்லை.

"இது என்ன அத்தான்?"

"கொரோனாவில செத்த ஆக்கள். ஒரு ஆளுக்கு ஒண்டு."

அவள் ஒவ்வொரு இருதயமாகத் தொட்டுக்கொண்டு நடந்தாள். பெயர்களை வாசிக்க அவளுக்கு இங்கிலீஷ் போதாது, ஆனாலும் வாசிக்கிறவள் மாதிரியே மெல்ல நடந்தாள். "நல்ல சனம். ஒருத்தரையும் விடாமல் எழுதி வைச்சிருக்குதுகள்," என்றாள். பிறகு, "இவரைத் தாட்ட இடம் எதெண்டு எனக்கே தெரியாது, அத்தான். ஒரு மெழுகுதிரி கொழுத்த எனக்கு ஒரு இடமில்லை. அவருக்காக நீங்கள் எல்லாரும் இருந்தியளே, அந்த இடத்தையாவது ஒருக்காக் காட்டுங்கோ," என்றாள்.

செபஸ்தியாம்பிள்ளை ஆற்றுக்கு அப்பால் கையைக் காட்டினார். "அது அங்கால, பிள்ளை. இஞ்ச நிண்டு தெரியாது. இப்ப அங்க பாக்க ஒண்டும் இல்லை," என்றார். முழங்கால் நோகிறது என்றார். பிந்தினால் கோட்டைக்குள் விடமாட்டார்கள் என்றார். பொய் சொல்லிப் பழக்கமில்லாத ஆள் அடுக்கடுக்காகப் பொய் சொன்னால் எப்படியிருக்கும், அப்படித்தான் இருந்தது. அவள் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "நீங்கள் இதில இருங்கோ, நான் ஆரிட்டையாவது கேட்டுப் போயிட்டு வாறன்," என்று பாலத்தை நோக்கி நடந்தாள். இனி என்ன செய்வது? பின்னாலேயே ஓடினார்.

பாலத்தில் கால் வைக்க இடமில்லாத சனம். ஆளாளுக்குப் போனை நீட்டிப் பல்லைக் காட்டிப் படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள். நடக்க நடக்க அவர் தனக்குள் ஒரு பதிலைக் கட்டிக்கொண்டே வந்தார். பாராளுமன்றத்து மதில் சரியான மொத்தம், சத்தம் உள்ளுக்குப் போகாது என்று சொல்லலாம். றோட்டுச் சத்தத்தில் எங்கள் சத்தம் அமுங்கிப்போனது என்று சொல்லலாம். அவள் நம்புவாள், அவர் சொன்னால் எதையும் நம்புவாள் என்று நினைத்துக்கொண்டார்.

பாலம் முடிந்தது, கோபுரத்தின் காலடியைச் சுற்றி வந்தார்கள், புல்வெளி வந்துவிட்டது. ஓரத்தில் பெரிய மனிதர்களின் சிலைகள் நின்றன. நடுவில் யாரோ ஒரு குடும்பம் இருந்து சான்ட்விச் சாப்பிட்டுக்கொண்டிருந்தது. ஒரு குழந்தை புறாவைத் துரத்திக்கொண்டிருந்தது.

"எங்க அத்தான் இருந்தனீங்கள்?"

"இதிலதான், பிள்ளை."

பெனிற்றா புல்லைப் பார்த்தாள். நிமிர்ந்து எதிரில் பார்த்தாள். மறுபடி புல்லைப் பார்த்தாள். பிறகு றோட்டோரம் போய், விளக்கு மாறும் வரைக்கும் காத்து நின்று, றோட்டைக் கடந்து, பாராளுமன்றத்து வேலிக் கம்பியைக் கையால் ஒருமுறை தொட்டாள். அங்கே நின்று திரும்பி இவரைப் பார்த்தாள். அவளுடைய முகம் இங்கிருந்தே தெளிவாகத் தெரிந்தது. அவர் மெல்லக் கூப்பிட்டால்கூட அவளுக்குக் கேட்டிருக்கும். அவர் கூப்பிடவில்லை.

அவள் திரும்பி வந்து அவருக்குப் பக்கத்தில் நின்றாள்.

"ஒரு றோட்டுத்தான்," என்றாள்.

"ஓம்."

"அப்ப கேட்டிருக்கும்."

கட்டிக்கொண்டு வந்த பதில் வாய்வரைக்கும் வந்தது. அந்த முதல் போனுக்குப் பிறகு வருஷா வருஷம் "ம்" "ம்" என்று சொல்லிச் சொல்லி அவருக்கும் அலுத்துப்போயிருந்தது. அதைவிட, அந்தப் புல்லில் நின்றுகொண்டு எமிலின் பெண்சாதிக்குப் பொய் சொல்ல அவரால் ஏலவில்லை.

"கேட்டது, பிள்ளை. உள்ளுக்கு இருந்து சிலபேர் வெளியில வந்து எங்களோட கதைச்சவை. உள்ளயும் எங்களைப் பற்றிக் கதைச்சவை. எல்லாருக்கும் தெரியும்."

அவள் புல்லில் இருந்துவிட்டாள். செபஸ்தியாம்பிள்ளையும் முழங்காலைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் இருந்தார். "சொல்லியிருக்கோணும். எனக்கு வாய் வரேல்லை," என்றார். அவருக்குக் கண்ணீர் வந்துவிட்டது, மறைக்கவும் இல்லை. பெனிற்றா அவரைக் கோபிக்கவில்லை. முந்தானைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு எதிரே பார்த்தபடியே இருந்தாள்.

அந்த நேரம் பார்த்து அவளுடைய போன் அடித்தது. ஊரில் பின்னேரம், டெனுசன் வேலை முடிந்து வந்து வீடியோவில் கூப்பிடுகிற நேரம். அவள் முகத்தை இரண்டு கையாலும் துடைத்துக்கொண்டு, பின்னால் வானம் மட்டும் தெரிகிறமாதிரிப் போனைக் கீழே பதித்துப் பிடித்தாள்.

"அம்மா, எங்க நிக்கிறியள்? பாராளுமன்றம் பாத்தாச்சோ?"

"பாத்தாச்சு, அப்பன். ஆத்துக்கு அங்கால நிண்டு பாத்தம்."

"பெரியப்பா ஆக்கள் இருந்த இடத்துக்குப் போனியளோ? நான் எத்தினை தரம் உங்களிட்டைக் கேட்டிருக்கிறன். போனை ஒருக்காத் திருப்பிக் காட்டுங்கோவன்."

"அது சரியான தூரம், தம்பி. நடக்கேலாது."

"பெரியப்பாவிட்டைக் குடுங்கோ."

பெனிற்றா போனை நீட்டினாள். கொடுக்கும்போது அவருடைய கண்ணை விட்டு அவள் கண்ணை எடுக்கவில்லை. செபஸ்தியாம்பிள்ளை வாங்கினார். திரையில் எமிலின் நெற்றியும் எமிலின் மூக்குமாக ஒரு இளந்தாரி சிரித்துக்கொண்டிருந்தான்.

"பெரியப்பா, உண்மையாவே அவ்வளவு தூரமோ?"

எதிரே, வேலிக் கம்பிக்கு அப்பால், காவலுக்கு நின்ற பொலிஸ்காரன் யாருக்கோ வழி சொல்வது கேட்டது.

"ஓம் தம்பி," என்றார் செபஸ்தியாம்பிள்ளை. "சரியான தூரம். கேட்டிருக்காது."