வெள்ளைக் கல் வேண்டாம்

எங்கள் வீட்டு அடுக்களைத் தரை கோட்டா கல், ராஜஸ்தானிலிருந்து வருகிற மலிவான கல். வெயில் பட்டால் லேசான பச்சை, படாவிட்டால் சாம்பல். மும்பை திலக் நகரில் நாங்கள் இருக்கும் கட்டடத்தில் வேறு எந்த வீட்டு அடுக்களையிலும் அது கிடையாது, மாடிப்படியில்தான் இருக்கிறது. வீடு பார்க்க வருகிறவர்கள் எட்டிப் பார்த்துவிட்டு, படிக்கட்டுக் கல்லை ஏன் உள்ளே போட்டீர்கள் என்று கேட்பார்கள். ஆமாம், போட்டிருக்கிறேன். ஒவ்வொன்றாகத் தட்டிப் பார்த்து நானே பொறுக்கிய கல். குறை சொல்ல வருகிறவர்கள் அதில் ஒரு கரண்டி எண்ணெயைக் கொட்டித் துடைத்துப் பார்த்துவிட்டு அப்புறம் பேசட்டும்.

அது எங்கள் வீட்டுக்கு வந்த கதையைத்தான் எழுத உட்கார்ந்திருக்கிறேன். என் மகளுக்குத் தமிழ் பேசத்தான் வரும், படிக்க வராது. அதனால் பயமில்லாமல் எழுதலாம்.

தாராவியில் இருந்த அறையை விற்று, மீதிக்கு மகள் கடன் எடுத்து இந்த வீட்டை வாங்கினோம். அவளுக்கு வாஷியில் ஆபீஸ் வேலை. அடுக்களையில் பழைய டைல்ஸ் பெயர்ந்து, மிதித்தால் டக் டக்கென்று ஆடியது. அதை எடுத்துவிட்டு எனக்காக வெள்ளை மார்பிள் போடப்போகிறேன் என்றாள். என் வீட்டுக்காரரிடம் கேட்டதற்கு, காலில் குத்தாமல் இருந்தால் எதுவும் சரி என்று டி.வி. பக்கம் திரும்பிக்கொண்டார். அவரிடம் போய்க் கேட்டேனே, என்னைச் சொல்ல வேண்டும்.

எனக்கு வெள்ளை மார்பிள் என்றாலே பற்றிக்கொண்டு வரும். அதைத் துடைத்தவள் நான். மாட்டுங்காவில் வீட்டு வேலை செய்தேன். பாத்திரம், துணி, தரை என்று ஒரு நாளைக்கு ஐந்து வீடு. முட்டி தேய்ந்துபோய், இந்த வீடு வாங்கிய வருஷம்தான் விட்டேன். ஆனால் இதை வெளியே சொன்னதில்லை. மகளைப் பள்ளியில் சேர்க்கும்போது அம்மாவின் வேலை என்ற இடத்தில் 'தையல்' என்று எழுத வைத்தேன். ஊசியில் நூல் கோர்க்கக்கூட எனக்குப் பொறுமை கிடையாது. பிள்ளை அதையே காலேஜிலும் சொன்னாள், ஆபீஸிலும் சொன்னாள். புது வீட்டுக்கு வரும்போதும் கண்டிப்பாகச் சொல்லிவிட்டேன், இந்தக் கட்டடத்தில் ஒருத்தருக்கும் தெரியக்கூடாது என்று. தெரிந்தால் என்ன என்று கேட்டாள். அப்படிக் கேட்க அவளுக்கு ஆபீஸ் நாற்காலி இருக்கிறது. நாளைக்கே யாராவது மாடியிலிருந்து இறங்கி வந்து, எங்கள் வீட்டுக்கும் ஒரு ஆள் வேண்டும், வருகிறாயா என்று கேட்டால் நான் முகத்தை எங்கே கொண்டுபோய் வைத்துக்கொள்வேன்? அந்தப் பயம் எனக்கு ராத்திரி பகலாக இருந்தது.

கல் கடைக்கு எங்களைக் கூட்டிப்போனது கீழ்வீட்டு மராத்தி டீச்சர். ரிட்டயராகிவிட்டவர், நல்ல மனசு, ஆனால் விசாரணை ஜாஸ்தி. மான்குர்த் போகிற ரோட்டில் தெரிந்த கடை என்று ரிக்ஷாவில் ஏற்றிக்கொண்டார். வழி முழுக்க என் தையலைப் பற்றியே பேச்சு. பிளவுஸ் தைப்பீர்களா என்று கேட்டார். கண் பார்வை சரியில்லை, மெஷினை விட்டுவிட்டேன் என்றேன். மகள் வெளியே வேடிக்கை பார்த்துக்கொண்டு வந்தாள்.

கடைக்காரர் ராஜஸ்தான்காரர். எடுத்த எடுப்பிலேயே பெரிய வெள்ளைப் பலகை ஒன்றை இழுத்துக் காட்டினார். சும்மா சொல்லக்கூடாது, பால் மாதிரி இருந்தது. மகள் அதை ஆசையாகத் தடவிப் பார்த்தாள். அவள் முகத்தைப் பார்த்ததும் வாயை மூடிக்கொண்டு இருந்துவிடலாமா என்றுகூட எனக்குத் தோன்றியது. ஆனால் கை சும்மா இருக்கவில்லை. பாட்டிலில் இருந்த தண்ணீரைப் பலகையில் தெளித்து, கைக்குட்டையால் துடைத்துவிட்டுக் காத்திருந்தேன். துடைத்த தரை காயும்போது பார்த்தால் கல்லின் குணம் தெரிந்துவிடும். விரிசல் இருக்கிற இடம் கடைசியில்தான் காயும். சுற்றிலும் காய்ந்த பிறகும் ஓரத்தில் மூன்று விரல் நீளத்துக்கு ஒரு கோடு ஈரமாகவே நின்றது.

கடைக்காரர் குனிந்து பார்த்தார். இயற்கைக் கல் என்றால் அப்படி இப்படி இருக்கத்தான் செய்யும் என்றார். நானும் இயற்கைதான், எனக்கும் முட்டியில் கோளாறு இருக்கிறது, அதோடு என்னை யாராவது முழு விலைக்கு வாங்குவார்களா என்றேன். டீச்சர் சிரித்துவிட்டார்.

அதற்கப்புறம் என்னை நிறுத்த முடியவில்லை. வீட்டிலிருந்தே எலுமிச்சம்பழம் கொண்டுபோயிருந்தேன். மார்பிள் துண்டில் ஒரு சொட்டுப் பிழிந்து, கொஞ்ச நேரம் விட்டுத் துடைத்தேன். அந்த இடத்தில் மட்டும் பளபளப்புப் போய்விட்டது. கறுப்பு கிரானைட்டை எலுமிச்சை ஒன்றும் செய்யவில்லை. ஆனால் அதில் தண்ணீர் சிந்திக் கிடப்பது கண்ணுக்குத் தெரியாது, வழுக்கி விழுந்த பிறகுதான் தெரியும். கோட்டாவுக்கும் புளிப்பு ஆகாது, அதை மறைக்க மாட்டேன். ஆனால் பாலிஷ் போடாத கோட்டாவில் தடம் அவ்வளவாகத் தெரியாது, ஈரக்காலும் வழுக்காது. ஓரத்தில் நகத்தால் கீறிப் பார்க்க வேண்டும். ஏடு ஏடாக வந்தால் அது இரண்டு வருஷத்தில் செதில் செதிலாகப் பெயரும். விரல் மடக்கித் தட்டினால் கணீரென்று கேட்க வேண்டும். நான் தரையில் குந்தி உட்கார்ந்து தட்டித் தட்டி ஒதுக்க ஒதுக்க, கடையில் கல் தூக்குகிற ஆட்கள் வேலையை விட்டுவிட்டு வேடிக்கை பார்த்தார்கள். அடேயப்பா, அன்றைக்கு எனக்கு இருந்த மிதப்பு! பரீட்சையில் எல்லாக் கேள்விக்கும் விடை தெரிந்த பிள்ளை மாதிரி இருந்தேன்.

மகளுக்குத்தான் முகம் சுருங்கிவிட்டது. என்னை ஓரமாகக் கூட்டிப்போனாள். டீச்சருக்கும் கடைக்காரருக்கும் தமிழ் தெரியாது என்பதால் குரலைத் தாழ்த்தக்கூட இல்லை.

"வெலையப் பாத்துத்தான கோட்டா போதும்ங்கிற? நல்லது எதுவுமே உனக்கு வேண்டாமாம்மா? நான் சின்னப் பிள்ளையா இருக்கும்போது ஒரு லீவு நாள்ல என்னை வேலைக்குக் கூட்டிட்டுப் போனல்ல? அந்த வீட்டு கிச்சன்ல என் கால் படக்கூடாதுன்னு பேப்பர் விரிச்சு உக்கார வச்சாங்க. வெள்ளை மார்பிள். அதே மாதிரி உனக்குப் போட்டுக் காட்டணும்னு எத்தனை வருஷமா நெனச்சிட்டிருக்கேன் தெரியுமா?"

அவள் அதை எப்போதோ மறந்துவிட்டாள் என்று நினைத்திருந்தேன். மறந்துவிட வேண்டும் என்று நான் எத்தனையோ நாள் ஜெபம் பண்ணியிருக்கிறேன். பிள்ளை அதை மனசிலேயே வைத்துக்கொண்டு படித்து, வேலைக்குப் போய், கடன் எடுத்து, இங்கே வந்து நிற்கிறாள். அழுகை முட்டிக்கொண்டு வந்தது. அழுதால் அவள் மார்பிளையே வாங்கிவிடுவாள் என்று அடக்கிக்கொண்டேன்.

"ஏட்டி, வெலைக்காகச் சொல்லல. வெள்ளக் கல்லப் போட்டா அதத் தொடைக்க ஒருத்தி வேணும். காலைல ஒருக்கா, சாயங்காலம் ஒருக்கா. எனக்கு முட்டி போச்சு, உனக்கு நேரம் கெடையாது. அப்போ வேற ஒருத்திதான் வருவா. லீவு நாள்ல அவ மவளையும் கூட்டிட்டு வருவா. அந்தப் பிள்ளைய நீ எங்கன உக்கார வைப்ப?"

கொஞ்சம் கடுமையாகச் சொல்லிவிட்டேனோ என்று எனக்குப் பதறியது. அவள் செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டு, நான் ஒதுக்கி வைத்திருந்த கோட்டா கல் ஒன்றின் மேல் ஏறி வெறுங்காலோடு நின்றாள். காலை முன்னும் பின்னும் தேய்த்துப் பார்த்தாள். இறங்கி வந்து கடைக்காரரிடம், அம்மா பொறுக்கியதையே அனுப்புங்கள், வேறு எதையும் அதோடு கலக்க வேண்டாம் என்றாள்.

அந்த ஆள் பில் புத்தகத்தை எடுத்தபடி, உங்கள் அம்மா கட்டட வேலையில் இருந்தார்களா, இல்லை கல் வியாபாரக் குடும்பமா, பத்து வருஷம் கடையில் இருக்கிறவன் கூட இப்படிப் பார்க்கமாட்டான் என்று கேட்டார். டீச்சர் முந்திக்கொண்டு, இவர் தையல்காரராயிற்றே என்றார். சொல்லிவிட்டு என் முகத்தைப் பார்த்தார். என் அண்ணனுக்கு ஊரில் கல் கடை இருந்தது என்று ஒரு பொய் நாக்கு நுனி வரை வந்து நின்றது. எனக்கு அண்ணனே கிடையாது.

நான் வாயைத் திறப்பதற்குள் மகள் பேசினாள். தமிழில் இல்லை, எல்லாருக்கும் புரிகிற இந்தியில்.

"எங்க அம்மா மாட்டுங்காவுல வீட்டு வேலை செஞ்சாங்க. இருபத்தாறு வருஷம். எத்தனையோ வீட்டுத் தரையத் தொடச்சிருக்காங்க. அதான் தெரியுது."

டீச்சர் என்னைப் பார்த்தார், கடைக்காரர் பார்த்தார், கல் தூக்குகிற ஆட்களும் பார்த்தார்கள். இத்தனை வருஷம் நான் பயந்துகொண்டிருந்த நிமிஷம் இதுதான். பூமி பிளந்து உள்ளே போய்விடலாம் போல இருக்கும் என்று நினைத்திருந்தேன். அப்படி ஒன்றும் இருக்கவில்லை. எனக்கு வந்தது கோபம்தான். இந்தப் பெண் தன் வயதை எண்ணிச் சொல்லியிருக்கிறாள். அவள் பிறப்பதற்கு முன்னால் நான் அந்தத் தரைகளில் கிடந்த காலத்தை விட்டுவிட்டாள்.

"இருபத்தாறு இல்லை," என்றேன். கல் தூக்குகிற ஆட்களுக்கும் கேட்கும்படி, நானும் இந்தியிலேயே சொன்னேன். "இருபத்தெட்டு."