கபூர் பாயின் வயர் கழன்றதே இல்லை

கபூர் பாய் இறந்த செய்தி வந்தபோது நான் அரூரில் பல் டாக்டர் மங்கையர்க்கரசியின் நாற்காலியில் மல்லாந்து, லாரி நுழையும் அளவுக்கு வாயைத் திறந்து வைத்திருந்தேன். வலது கடைவாய்ப் பல்லுக்குள் அவர் இறக்கிய துளைக்கருவி மண்டையைக் கடந்து, நாற்காலியைக் கடந்து, தரையில் தண்ணீர் வரும் ஆழம்வரை போயிருக்கும். அப்போது முனியப்பன் போன் செய்தான். நம் கிளைடர் கிளப்பில், கம்பி சுற்றிக் கிளைடரை மேலே இழுத்துவிடும் வின்ச் ஓட்டும் முனியப்பனை உங்களுக்கு நான் அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. உங்கள் எல்லாரையும் போல அவனுக்கும் நான் மாமா. டாக்டரம்மாவே போனை எடுத்து ஸ்பீக்கரில் போட்டார்.

"மாமா, கபூர் பாய் போயிட்டாருங்க. கடையிலதான். ஒரு லாரிக்காரன் பிரேக் லைட் வயரைப் புடுங்கி வுட்டுட்டு வந்திருக்கான். அவனைத் திட்டிக்கிட்டே இருந்தவரு, பாதித் திட்டுல ஸ்டூல்ல உக்காந்தாரு. அவ்வளவுதாங்க."

மீதித் திட்டு வரும் என்று அந்த டிரைவர் கையைக் கட்டிக்கொண்டு கால் மணி நேரம் நின்றாராம். பாயின் திட்டில் ஒரு பாதியை வாங்கியவன் மறுபாதியை வாங்காமல் போக மாட்டான். அப்படி ஒரு வாய் அது.

டாக்டரம்மா துளைக்கருவியை வெளியே எடுக்கவில்லை. "அந்த வயர்க்காரரா?" என்றார். "பாவந்தான். ஆனா மழை வந்தா இன்னமும் இந்த இடது மணிக்கட்டு வலிக்குதுங்க மாமா. அவரு ஒரே ஒரு வயரை ஒழுங்கா முடுக்கியிருந்தா..." மீதியை அவர் என் பல்லிடம் சொன்னார்.

எனக்கு அந்த நொடியில் சொல்ல ஒரு வாக்கியம் இருந்தது. இரண்டு வருடமாகச் சொல்லாமல் விழுங்கிய வாக்கியம். நாக்கு மரத்து, வாயில் பஞ்சு அடைத்து, உதடு ஆட்டுக்குடல் மாதிரி தொங்கியதால் அன்றும் வெளியே வரவில்லை. அதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

தருமபுரியில் லாரிகளுக்கு வயரிங் வேலை செய்யும் கடை வைத்திருந்த பாய் முதன்முதலில் நல்லம்பள்ளி தாண்டி நம் மைதானத்துக்கு வந்தது வின்ச் லாரியின் செல்ஃப் மோட்டாரைப் பார்க்க. வந்தவர் கொட்டகையில் நின்ற இரண்டு கிளைடர்களையும் சுற்றிச் சுற்றி வந்தார். வெள்ளைக் கிளைடர் டாக்டரம்மா ஓட்டுவது, மஞ்சள் நான் ஓட்டுவது.

"என்ஜின் எங்க?"

"கிடையாது பாய். வின்ச் இழுத்து மேலே எறியும். அப்புறம் சூட்டுக் காற்றில் ஏறி வட்டமடிப்போம்."

"ரெண்டும் ஒரே காத்துலயா?"

"ஒரே காற்றில்தான்."

"ஹாரன்?"

"கிடையாது."

கையில் இருந்த ஸ்பேனரை அவர் எறிந்தார். தகரக் கூரையைக் கிழித்துக்கொண்டு போன அது இன்னும் பூமியைச் சுற்றிக்கொண்டிருப்பதாகக் கேள்வி. "என்ஜினும் இல்ல, ஹாரனும் இல்ல! அடேய், நீங்க சாவறதுக்குக் கிளப்பு வெச்சு நடத்தறீங்களாடா?" என்று அவர் போட்ட சத்தத்தில் வத்தல்மலையில் மேய்ந்த மாடுகள் திரும்பிப் பார்த்தன.

அந்தக் கோபத்துக்கு ஊர் தொப்பூர். கணவாய் இறக்கத்தில் அவருக்கு முதலில் ஒரு கடை இருந்தது. பிரேக் பிடிக்காத லாரி முன்னால் போகும் காரை நசுக்கும்போதெல்லாம் கடப்பாரையோடு முதலில் ஓடியவர் அவர். வளைந்த தகரத்தைப் பிளந்து ஆட்களை இழுத்திருக்கிறார். சில நேரம் ஆளின் ஒரு பகுதிதான் கைக்கு வந்தது என்று ஒரே ஒரு முறை என்னிடம் சொன்னார். சொல்லிவிட்டு டீயைக் குடிக்காமல் கீழே ஊற்றினார். "மோதறதுக்கு முன்னாடி கத்தணும் மாமா. மோதுன அப்புறம் எல்லாருந்தான் கத்தறான்" என்பது அவர் வாக்கு.

ஆகவே கிளப் மோதல் தவிர்ப்புக் கருவி இரண்டை வாங்கியபோது, அதைப் பொருத்தும் வேலையை அவர் யாரிடமும் கேட்காமல் பிடுங்கிக்கொண்டார். பெங்களூரிலிருந்து என்ஜினியர் வந்து சரிபார்த்துக் கையெழுத்துப் போடுவார். கைவேலை முழுக்க பாயுடையது. சிகரெட் பெட்டி அளவுப் பொருள்தான். தான் எங்கே இருக்கிறோம் என்பதை வானத்துச் செயற்கைக்கோள்களிடம் கேட்டுத் தெரிந்துகொண்டு, அக்கம்பக்கத்துக் கருவிக்கு ரேடியோவில் சொல்லும். அதுவும் தன் இடத்தைச் சொல்லும். இரண்டு பாதையும் முட்டும் என்று தெரிந்தால், எந்தப் பக்கம் ஆபத்து என்று சிவப்பு விளக்கைக் காட்டிக் கத்தும். பாய் அதற்குக் 'கத்தி' என்று பேர் வைத்தார்.

அந்த மூன்று நாள் மைதானத்தில் நடந்தது வேலை இல்லை, போர். ஆள் படுத்தால் மூச்சுவிட இடமில்லாத காக்பிட்டுக்குள் அவர் தலைகீழாக நுழைந்தார். இரண்டு கால் மட்டும் வெளியே நின்று எங்களை உதைத்தது. வயரின் தோலைப் பல்லால் உரித்துத் துப்பினார். பேனலில் ஓட்டை போடும்போது தகரம் விரலைக் கிழித்தது. ரத்தத்தைப் பேன்ட்டில் துடைத்துவிட்டுத் தகரத்தைத்தான் திட்டினார். இரும்பு ஸ்க்ரூ போட்டதும் திசைகாட்டி முள் திரும்பியது. "வடக்க எவன்டா நகத்துனான்?" என்று உறுமி, எல்லாவற்றையும் பிடுங்கி எறிந்து, பித்தளை ஸ்க்ரூவாக மாற்றினார். சோதனைக்காக என் மஞ்சள் கிளைடரை ஜீப்பில் கட்டி இழுக்கச் சொல்லிவிட்டு, இன்னொரு கத்தியையும் பேட்டரியையும் முனியப்பன் மடியில் கட்டி, மோட்டார் பைக்கில் எதிரே விரட்டினார். "கண்ணை மூடிக்கிட்டு வாடா!" கருவி அலறிய அலறலில் முனியப்பன் பைக்கை விட்டுவிட்டுக் கருவியைக் கட்டிப்பிடித்தபடி முள்வேலிக்குள் பறந்தான். பாய் ஓடிப் போய்க் கருவியைத் தூக்கி முத்தமிட்டார். முனியப்பனை அப்புறம்தான் பார்த்தார்.

பேனலுக்கு மேலே, கண்ணாடி மூடிக்குக் கீழே, விரல் நீளத்தில் ஆன்டெனாவை நிறுத்தினார். பக்கத்தில் ஒரு பச்சை விளக்கு. என் காதைப் பிடித்து இழுத்துக் காட்டினார். "இந்த எடத்துல எதுவும் வெக்காத. கர்ச்சீப், கண்ணாடி, மயிரு, மட்டை, எதுவும். இது வானத்தைப் பாத்துக்கிட்டே இருக்கணும். பச்சை எரிஞ்சாத்தான் இதுக்குத் தன் எடம் தெரியும். எடம் தெரியலன்னா வாயே தொறக்காது."

இப்போது என் குற்றம்.

அந்த வருடத்து ஆயுத பூஜைக்கு இரண்டு கிளைடருக்கும் சந்தனம், குங்குமம், வாழைக்கன்று எல்லாம் கட்டினோம். பாய் வந்து பொரி சாப்பிட்டு, பச்சை எரிகிறதா என்று இரண்டிலும் எட்டிப் பார்த்துவிட்டுப் போனார். அவர் பைக் சத்தம் ஓய்ந்ததும், உள்ளங்கை அகலத்துக்குப் பித்தளைத் தகட்டில் அடித்த முருகன் படம் ஒன்றை என் காக்பிட்டில் ஒட்டினேன். ஒட்ட எத்தனையோ இடம் இருந்தது. நான் ஆன்டெனாவுக்கு மேலேயே ஒட்டினேன். அந்தப் பச்சை விளக்கு ஏட்டையா மாதிரி நாள் முழுக்க என்னையே முறைத்தது. அதையும் சேர்த்து மூடினால் தொல்லை விட்டது என்று நினைத்தேன். குறும்பு என்று என் அகராதியில் இதற்குப் பெயர். அகராதியையே கொளுத்த வேண்டும்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் வத்தல்மலைச் சரிவுக்கு மேலே நானும் டாக்டரம்மாவும் ஒரே சூட்டுக் காற்றில் ஏறினோம். நான் சூரியன் பக்கத்திலிருந்து வந்தேன். அவருடைய கத்தி நன்றாகத்தான் இருந்தது; ஆனால் என்னுடையது ஊமையாகிவிட்டதால், அங்கே நான் இருப்பதே அதற்குத் தெரியாது. வெள்ளை இறக்கை ஒன்று என் கண்ணாடி முழுக்க அரிவாளாய் வந்தது. கிளைடரின் மூக்கைத் தூக்கும் குச்சியை வயிறுவரை இழுத்துக் குத்திக்கொண்டேன். படார் என்ற அந்தச் சத்தத்தை நான் மிகைப்படுத்தவே முடியாது. அது அதுவாகவே மிகை. அவர் இறக்கை நுனியில் ஒரு முழம் பிய்ந்து சுழன்றுகொண்டே காட்டுக்குள் விழுந்தது.

நான் எப்படி இறங்கினேன் என்று தெரியவில்லை. அவர் ஒரு தக்காளித் தோட்டத்தில் விழுந்து உழுதுகொண்டு போய் நின்றார். நாங்கள் ஓடிப் போய்ப் பார்த்தபோது வெள்ளைக் கிளைடர் முழுக்கச் சிவப்பு. கண்ணாடியில் சிவப்பு வழிந்தது. முனியப்பன் அங்கேயே உட்கார்ந்து மாரில் அடித்துக்கொண்டான். மூடியைத் திறந்து டாக்டரம்மா தலையை நீட்டி, "கை ஒடிஞ்சிருச்சுங்க. மத்ததெல்லாம் தக்காளி" என்றார். தோட்டத்து ஆத்தா களைக்கொத்தோடு வந்து, "ரத்தமாயிருந்தா வுட்டுருப்பன், தக்காளின்னா வுட மாட்டன்" என்று எங்கள் எல்லாரையும் துரத்தினாள்.

சாயங்காலம் கொட்டகைக்கு வந்த பாய் நேரே என் காக்பிட்டில் தலையை விட்டார். வெகுநேரம் வெளியே எடுக்கவில்லை. பிறகு போய்க் கை கழுவினார். தோள் துண்டை விரித்து, தகட்டை இரண்டு கையாலும் மெதுவாகப் பெயர்த்து, துடைத்து, என் கையில் கொடுத்தார்.

"கீழ வை."

"பாய், நான்..."

"சாமி கையில இருக்கறப்ப அடிக்க மாட்டன். கீழ வை மாமா."

வைத்தேன். பிறகு வந்தது அந்த அறை. எத்தனையோ பொய்யாக எழுதியிருக்கிறேன், இதை அளந்து எழுதுகிறேன். என் இடது கன்னத்தில் ஓர் அறை. நான் சுழன்று இறக்கையின்மேல் விழுந்தேன். உதடு கிழிந்தது. என்னை அடித்துவிட்டு அவர் அழுதார்.

வெளியே கிளப்பார் எல்லாரும் கூடியிருந்தீர்கள். என்ன கோளாறு என்று கேட்டீர்கள். கருவியில் கைவைத்தவன் இனிப் பறக்கக் கூடாது என்பது நம் விதி. பாய் என்னைப் பார்த்தார். அறுபத்திரண்டு வயதில் எனக்கு வேறு என்ன இருக்கிறது என்று அவருக்குத் தெரியும்.

"வயர் கழண்டிருச்சுங்க. என் தப்புதான்" என்றார்.

நோட்டில் அப்படியே எழுதினீர்கள். அடுத்த வாரமே கருவிகளைப் பெங்களூர் ஆளிடம் ஒப்படைத்தீர்கள். பாய்க்கு அந்தக் கொட்டகையில் வேலை இல்லாமல் போனது. டாக்டரம்மா அவரோடு பேசவே இல்லை. ஒரு நாள் அவர் கடைக்குப் போய், ஏன் இப்படிச் செய்தீர்கள் என்று கேட்டேன். "வயர் தப்புன்னா முடுக்கிட்டுப் போலாம். ஆளு தப்புன்னா எங்க போயி முடுக்கறது? இனிமே ஒட்ட மாட்டல்ல? போ" என்றார். அதற்குப் பிறகு எங்கே பார்த்தாலும் என் இடது கன்னத்தைத் தட்டி, "இன்னும் இருக்குதா?" என்று கேட்பார். நான் சிரித்து மழுப்புவேன். இரண்டு வருடமும் பறந்தேன்.

பாய் போன அன்று, பல் வேலை முடிந்ததும், டாக்டரம்மாவின் காரில்தான் இருவரும் தருமபுரிக்குப் புறப்பட்டோம். பாதி வழியில் மரப்பு விட்டு என் நாக்கு வந்தது. சொன்னேன். அவர் காரை ஓரம் கட்டி, ஒடிந்து சேர்ந்த அதே இடது கையால் என் வலது கன்னத்தில், புதிதாகத் துளைத்த பல்லுக்கு நேராக விட்டார். இருவரும் ஒரே சுருதியில் அலறினோம். அப்புறம் அவர் ஸ்டீயரிங்கில் முகத்தை வைத்து, "அந்த மனுசன் ஒரு தடவை ஆரஞ்சுப்பழத்தோட என்னப் பாக்க வந்தாருங்க மாமா. கதவையே தொறக்கல நான்" என்றார்.

பாயின் வீட்டில் அவர் மனைவியின் முன் நின்று, "உங்க வூட்டுக்காரரு வயர்ல தப்பே இல்லீங்கம்மா" என்றார் டாக்டரம்மா. அந்த அம்மா தலையாட்டினார். "தெரியும்மா. அன்னைக்கே சொல்லிட்டாரு. வெளிய சொல்லாதன்னாரு."

அடக்கத்தின்போது குழியில் நான் மூன்று பிடி மண் போட்டேன்.

நண்பர்களே, நோட்டை எடுங்கள். 'வயர் இணைப்புக் கோளாறு' என்ற வரியை அடித்துவிட்டு, என் பெயரை எழுதுங்கள். மஞ்சள் கிளைடரின் கண்ணாடி மூடிப் பூட்டுச் சாவியைக் கொட்டகை ஆணியில் மாட்டிவிட்டு வந்திருக்கிறேன். மறுபடி எடுக்க மாட்டேன். முருகன் படம் முனியப்பனின் வின்ச் லாரியில் இருக்கிறது, அங்கே எதையும் மறைக்காது. கபூர் பாயிடமிருந்து எனக்கென்று நான் வைத்துக்கொள்வது ஒன்றுதான். இடது கன்னத்தில், காதுக்குக் கொஞ்சம் கீழே.

இருக்குது, பாய். இன்னும் இருக்குது.