முதுகைக் காட்டி உட்காரும் உத்தியோகம்

மாற்றுத்திறனாளி விளையாட்டுப் பயிற்சி என்பது முடியாதவர்களுக்கு முடிந்தவர்கள் கற்றுக்கொடுக்கும் தொழில் என்று வெளியே ஒரு பேச்சு இருக்கிறது. உள்ளே வந்து பார்த்தால், இதில் யார் முடியாதவர் என்பதில்தான் தினமும் தகராறு.

யாருக்காவது துணைக்குப் போய், உதவுகிறேன் பேர்வழி என்று நடுவில் புகுந்து காரியத்தைக் கெடுத்து, வாங்கிக் கட்டிக்கொண்ட அனுபவம் உங்களுக்கும் இருக்கும். அப்படியானால் நீங்கள் நம்ம கட்சி. தைரியமாக மேலே படிக்கலாம்.

நான் கனடாவில் இருந்தேன். வார நாட்களில் சாய ஆய்வுக்கூடத்தில் வேலை, வாரக் கடைசியில் பனிமலையில் சேவை. பெருமூளை வாதம் உள்ளவர்களை உட்கார்ந்து சறுக்கும் நாற்காலியில் அமர்த்தி, பின்னாலிருந்து இரண்டு வார்களைப் பிடித்தபடி நானும் சறுக்கிக்கொண்டு போவேன். நாற்காலி தறிகெட்டு ஓடாமல் இழுத்துப் பிடிப்பதுதான் என் பொறுப்பு. அம்மாவுக்கு உடம்பு முடியாமல் போனதால், ஐம்பதை நெருங்குகிற வயதில் ஊர் திரும்பினேன். திருப்பூரில் பனி கிடையாது என்பது எனக்கு முன்பே தெரியும். தெரிந்தும் ஒரு சறுக்கு நாற்காலியைக் கப்பலில் ஏற்றி அனுப்பினேன்.

கப்பலில் வந்த சாமான்

என் பெரியப்பா மகன், எனக்கு அண்ணன், காங்கயம் ரோட்டில் பனியன் கம்பெனி வைத்திருக்கிறார். அங்கே தைத்த பனியனில் குறை பார்க்கும் பழைய செக்கிங் ஹால் ஒன்று சும்மா கிடந்தது. நாற்காலியை அதில்தான் இறக்கினோம். பெட்டியைப் பிரித்ததும் டைலர், அயர்ன் மாஸ்டர், மெக்கானிக் என்று ஒரு கூட்டம் கூடிவிட்டது. விடுவேனா? இருக்கையின் ஓடு எதனால் ஆனது, ஸ்பிரிங் எப்படி அதிர்ச்சியைத் தாங்கும், அடியில் இருக்கும் இரண்டு பட்டைகளும் பனியில் எப்படித் திரும்பும் என்று விளக்கமாகச் சொல்லி முடித்தேன். 

மெக்கானிக் மட்டும் குனிந்து, அடிப்பட்டையைத் தட்டிப் பார்த்து, நிமிர்ந்தார். "ரெண்டு நாள் டைம் குடுங்க சார், மோட்டார் மாட்டி ஓட்டியே காமிச்சுப்போடறேன். நூலு மட்டும் எந்தப் பக்கமுங்க கோக்கறது?"

பனியன் மலை

குப்புசாமி குண்டடம் பக்கத்துக்காரர். தோட்டத்தைத் தம்பியிடம் விட்டுவிட்டு வந்து, அண்ணன் கம்பெனிக்குப் பக்கத்தில் கீழே சின்னதாகத் தையல் யூனிட்டும் மாடியில் வீடுமாக இருக்கிறார். அவர் மகள் மேகலாவுக்கு இருபத்து மூன்று வயது. பிறவியிலேயே பெருமூளை வாதம். கையும் காலும் அவள் சொல்வதைக் கேட்காமல் தங்கள் இஷ்டத்துக்கு ஆடும். கழுத்து மட்டும் சொன்ன பேச்சு கேட்கும். வார்த்தைகள் ஒவ்வொன்றாக, நடுவில் நிறைய இடம் விட்டு வரும். ஆனால் வருகிற வார்த்தை குறி தப்பாது. அவளைக் கீழே இறக்க, சக்கர நாற்காலியோடு நான்கு பேர் தூக்கவேண்டும். அதனால் ஆஸ்பத்திரிக்கும் கோயில் தேருக்கும் மட்டும் இறங்குவாள். மற்ற நாளெல்லாம் மாடி ஜன்னல்தான். என் சறுக்கு நாற்காலி பற்றி யூனிட்டில் பேச்சு அடிபட்டு, அது ஜன்னல் வரை எட்டி, "எனக்கு... அதைப்... பாக்கோணும்" என்று ஒரு நாள் நான்கு பேரைத் தூக்கவைத்து இறங்கி வந்துவிட்டாள்.

பார்த்துவிட்டு, சறுக்கிக் காட்டச் சொன்னாள். பனிக்கு எங்கே போவது? அண்ணனின் வேஸ்ட் குடோன் ஞாபகம் வந்தது. வெட்டி மிஞ்சிய பனியன் துண்டுகள் கூரை வரைக்கும் வெள்ளை வெளேரென்று குவிந்து கிடக்கும். தூரத்திலிருந்து பார்த்தால் அசல் பனிமலை. முதலில் நானே சோதித்துவிடுகிறேன் என்று உச்சியில் ஏறி, பெல்ட் எல்லாம் மாட்டி உட்கார்ந்து, கையை உயர்த்தி மேகலாவுக்கு ஒரு சலாம் வைத்தேன். நாற்காலி முன்னால் போகவில்லை. நேராகக் கீழே போனது. கழுத்து வரைக்கும் துணிக்குள் இறங்கிவிட்டேன். லோடு ஏற்றிக்கொண்டிருந்த ஒடிசாக்காரர்கள் இரண்டு பேர் வந்து, சிரிப்பை அடக்கிக்கொண்டு, என்னைப் பிடுங்கி எடுத்தார்கள்.

மூக்கிலிருந்து பஞ்சை எடுத்துக்கொண்டிருந்த என்னிடம் மேகலா அக்கறையாகக் கேட்டாள்: "சார்... பனியும்... இப்படித்தான்... மூக்குல ஏறுமுங்களா?"

சாம்பிள் பந்து

சறுக்கும் ஆசை அத்தோடு பஞ்சில் புதைந்தது. ஆனால் இறங்கி வந்தவளை மறுபடி மாடிக்கு அனுப்ப மனம் வரவில்லை. போச்சா என்று ஒரு ஆட்டம் இருக்கிறது. (பெயரை வைத்து அடிக்கவேண்டிய ஜோக்குகளை எல்லாம் கம்பெனியில் அடித்து முடித்துவிட்டார்கள். நீங்களும் மனசுக்குள் ஒன்று அடித்துக்கொண்டு மேலே வாருங்கள்.) வெள்ளைப் பந்து ஒன்று தரையில் இருக்கும். ஒருவருக்குச் சிவப்புப் பந்துகள், இன்னொருவருக்கு நீலம். வெள்ளைக்கு மிக அருகில் யார் பந்து நிற்கிறதோ, அவருக்குப் புள்ளி. கையால் எறிய முடியாதவர்கள், சாய்வான ஒரு தடத்தின் மேல் பந்தை வைத்து உருட்டிவிடலாம். மேகலா நெற்றியில் கட்டிய கம்பியால் பந்தைத் தள்ளுவாள். செக்கிங் டேபிள்களை ஓரம் கட்டினால் ஹால் அளவெடுத்துச் செய்த மாதிரி இருந்தது. நீளவாக்கில் அறுத்த பிவிசி பைப் தடமாயிற்று.

பந்து? ஊரே தையல் ஊர், பந்து தைக்க முடியாதா என்று நெஞ்சை நிமிர்த்தி, தோல் வாங்கிக் கொடுத்து, உள்ளே பனியன் வேஸ்ட்டை அடைத்து, ஒரு செட் முழுக்கத் தைக்கச் சொல்லிவிட்டேன். வந்த பந்து எதுவும் உருளவில்லை. தடத்திலிருந்து இறங்கியதும், வந்த வேலை முடிந்தது என்று உட்கார்ந்துகொண்டது. என்னை விட இருபது வயது சின்னவரான, ஆர்டர்களைக் கவனிக்கும் மெர்ச்சன்டைசர் ஒன்றைக் கையில் எடுத்து உருட்டிப் பார்த்து, பெரிய வருத்தத்தோடு தலையாட்டினார். "சாம்பிள் அப்ரூவல் ஆகாம புரொடக்ஷன் போயிட்டீங்களே சார், இத்தனை வருசம் வெளிநாட்டுல இருந்துமா?"

ஒரே ஒரு தடவை

நல்ல பந்துகள் பிறகு வாங்கினோம். சில மாதங்களில் மேகலா என்னைத் தோற்கடித்தாள். அடுத்து அண்ணனைத் தோற்கடித்தாள். அவர் அதை ஒத்துக்கொள்ளாமல் தரை கோணல் என்றார். சேலத்தில் தேர்வு ஆட்டம் நடக்கப்போகிறது, ஜெயித்தால் சென்னையில் மாநில அணியோடு பயிற்சி என்று கேள்விப்பட்டு, குப்புசாமியிடம் போய் நின்றேன். மேகலாவும் பக்கத்தில் இருந்தாள்.

அவர் தையல் மெஷினைத் துடைத்துக்கொண்டிருந்தார். மறுப்பவராக இருந்தால் சண்டை போட்டிருக்கலாம். அவர் தோள்பட்டையைத் தேய்த்துக்கொண்டே பேசினார். "இந்த ஒரு தடவை போயிட்டு வரட்டுங்க தம்பி. ஜெயிச்சா சென்னைக்கு நானே கூட்டீட்டுப் போறேன். இல்லீனா இத்தோட உட்றலாமுங்க. தூக்கி எறக்க எனக்கும் வயசாவுதல்லங்க?"

என் கழுத்து

இந்த ஆட்டத்தில் ஒரு விதி இருக்கிறது. தடத்தைப் பிடித்து நகர்த்த உதவியாளர் ஒருவர் உண்டு. அவர் ஆடுபவரைப் பார்த்து, ஆடுகளத்துக்கு முதுகைக் காட்டி உட்காரவேண்டும். திரும்பிப் பார்க்கக் கூடாது, வாயைத் திறக்கக் கூடாது. ஆடுபவர் 'இடது' என்றால் இடது, 'மேலே' என்றால் மேலே. அந்த உத்தியோகத்துக்கு என்னை விட்டால் ஆள் ஏது என்று நானே என்னை நியமித்துக்கொண்டேன்.

கோவையில் ஒரு நட்பு ஆட்டம். நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது. மேகலா தள்ளிய பந்து உருண்டு போய், என் முதுகுக்குப் பின்னால் எதிலோ 'டக்' என்று மோதியது. ஹாலில் எல்லோரும் "ஆ!" என்றார்கள். அவ்வளவுதான், என் கழுத்து என்னைக் கேட்காமல் திரும்பிவிட்டது. நடுவர் கையைத் தூக்கினார். எதிராளிக்கு ஒரு பந்து இனாம். அந்தப் பந்தில்தான் தோற்றோம்.

திரும்பும் வழியில் அவிநாசியில் டீக்கு வண்டியை நிறுத்தினோம். நான் டம்ளரை மேகலாவின் வாயருகே கொண்டுபோனபோது, முகத்தைத் திருப்பிக்கொண்டாள். "திரும்பி... என்னங்க சார் பாத்தீங்க? நான்... பாத்துட்டிருந்ததையேதானுங்களே?"

கையும் கேட்கவில்லை

மறுநாள் குப்புசாமி ஒரு பையோடு வந்தார். உள்ளே கழுத்துவலிக்காரர்கள் மாட்டும் காலர் பட்டை. அவருடைய கட்டிங் மாஸ்டர் ஒரு காலத்தில் போட்டதாம். யோசனை மேகலாவுடையது. அன்றிலிருந்து பயிற்சி நேரம் முழுக்க எனக்குக் கழுத்தில் பட்டை. கழற்ற மறந்து டீக்கடைக்குப் போனால், "என்னுங்க, ஆக்சிடென்டா?" என்று விசாரணை. சறுக்குப் பயிற்சியில் எத்தனையோ பேருக்குப் பட்டை மாட்டிவிட்ட எனக்கு, பட்டைக்கு உள்ளே இருப்பது எப்படி இருக்கும் என்று அப்போதுதான் தெரிந்தது. அரிக்கும்.

கழுத்து அடங்கியது. ஆனாலும் பந்து வரிசையாகத் தப்பிக்கொண்டே இருந்தது. தப்பியதெல்லாம் ஒரே பக்கம், ஒரே அளவு. மேகலா "வலது" என்றால் நான் பாதிதான் நகர்த்தினேன். வேண்டுமென்று இல்லை. வெள்ளைப் பந்து எங்கே இருக்கும் என்று மனசுக்குள் நானே ஒரு கணக்குப் போட்டு, அவள் கொஞ்சம் அதிகமாகச் சொல்கிறாள் என்று முடிவு கட்டி, கை தானாகப் பிடித்துக்கொண்டது. பனிமலையில் வார் பிடித்த கை. யாரையும் அவர்கள் போகிற வேகத்தில் விட்டுப் பழக்கமில்லை.

அவள் நெற்றிக் கம்பியை என் கைப் பக்கம் நீட்டினாள். பிறகு கேட்டாள்: "கழுத்துக்கு... பட்டை போட்டாச்சு. கைக்கு... என்னங்க சார்... போடறது?"

சேலம்

தேர்வில் கடைசி ஆட்டம். எதிரே கெட்டிக்கார இளைஞர் ஒருவர். புள்ளிகள் சமம், கடைசிச் சுற்றில் கடைசிப் பந்து மேகலாவுடையது. காலருக்கு அனுமதி கிடையாது என்பதால் வெறுங்கழுத்தோடு உட்கார்ந்திருந்தேன். அவள் அதுவரை இடப்பக்கமாகவே உருட்டிக்கொண்டிருந்தாள். வெள்ளைப் பந்து அங்கேதான் இருக்கிறது என்று சத்தியம் செய்வேன். அவளோ "வலது" என்றாள். நகர்த்தினேன். "இன்னும்." நகர்த்தினேன். "இன்னுமுங்க." பதற்றத்தில் தப்பாகச் சொல்கிறாள் என்று எனக்கு உறுதியாகப்பட்டது. சென்னை போச்சு, இனி மாடி ஜன்னல்தான் என்று கை கெஞ்சியது. அதன் பேச்சைக் கேட்காமல், அவள் 'போதும்' என்கிற வரைக்கும் தள்ளினேன். என் வாழ்க்கையில் நான் தூக்கிய பெரிய பாரம் அந்தப் பைப்தான்.

நெற்றிக் கம்பி தள்ளியது. பந்து உருண்டது. பின்னால் ஒரு மெல்லிய சத்தம். பிறகு ஹால் அமைதியாகிவிட்டது. நடுவர் டேப்பை இழுக்கும் 'கர்ர்' கேட்டது. மறுபடி 'கர்ர்'. மேகலாவின் முகத்தைப் பார்த்தேன். அது சந்தோஷத்துக்கும் அப்படித்தான் சுளிக்கும், தும்மலுக்கும் அப்படித்தான் சுளிக்கும். அவளுக்குப் பின்னால் குப்புசாமி உட்கார்ந்திருந்தார். அவரைப் பார்த்தாலாவது தெரியும் என்று நம்பினேன். மனுஷர் துண்டை எடுத்து முகத்தை மூடிக்கொண்டிருந்தார். எதிராளியின் முந்தின பந்து வெள்ளையை இடித்து வலது மூலைக்குத் தள்ளியிருந்தது என்பது எனக்குப் பிறகு தெரிந்தது. அந்த நிமிஷம் எங்கள் மூன்று பேரில் நடப்பது தெரிந்தவள் அவள் ஒருத்திதான். அவளோ வார்த்தை வார்த்தையாகத்தான் சொல்லமுடியும். நடுவர் ஏதோ நிறத்தைச் சொல்வது காதில் விழுந்தது, மண்டையில் ஏறவில்லை. நான் திரும்பாமல் காத்திருந்தேன்.

"சார்... இப்ப... திரும்பிப் பாருங்க. பாத்துட்டு... எங்கப்பா... துண்டுக்குள்ள இருப்பாரு, வெளிய கூப்புடுங்க. சென்னைக்கு... வண்டி சொல்லோணுமில்லீங்க?"

ஆக, வாழ்நாளில் நான் பங்கெடுத்த ஒரே பெரிய வெற்றியைப் பற்றி யார் கேட்டாலும், அது என் முதுகுக்குப் பின்னால் மிகச் சிறப்பாக நடந்ததாகக் கேள்வி என்று மட்டுமே என்னால் சொல்ல முடிகிறது.